விடிய விடிய கூத்து எடுத்த ஹேண்டிகேம்: சோனி சிஎக்ஸ்405, எட்டு வருஷ அனுபவம்

இந்தக் காலத்துல எவன்டா ஹேண்டிகேம் தூக்கிட்டுத் திரியறான்னு எங்க ஊட்லயே கேக்கறாங்க, போன்ல ஃபோர்கே வருது இது வெறும் ஃபுல் எச்டி தானேன்னு. கேள்வி நியாயமானது தான். பகல்ல, நல்ல வெளிச்சத்துல, ரெண்டு நிமிஷ வீடியோ எடுக்கறதுன்னா நானும் போன் தான் எடுப்பேன், இதைப் பையை விட்டே வெளில எடுக்க மாட்டேன். ஆனா எனக்கு வேண்டியது ரெண்டு நிமிஷம் இல்ல, ராத்திரி பத்து மணிக்கு ஆரம்பிச்சு விடிகால அஞ்சரை ஆறு வரைக்கும். எங்க ஊரு செய்யாறு பக்கம். திரௌபதி அம்மன் கோயில்ல மகாபாரதத் திருவிழா வச்சா பகல்ல பிரசங்கம், ராத்திரில தெருக்கூத்து, எங்க சித்தப்பா ஒரு ஜமால, அதாவது கூத்துக் குழுவுல, வேஷம் கட்றவரு. அவர் ஆடறதை எடுத்து வைக்கணும்னு தான் 2016 சித்திரைல இதை வாங்கினேன், அப்ப இருபதாயிரத்தை ஒட்டி ஆச்சு.

அதுக்கு முன்னாடி வருஷம் போன்ல எடுக்கப் பார்த்து அசிங்கப்பட்ட கதை இருக்கு. துகில் உரியற கட்டத்துல துச்சாதனன் சேலையைப் பிடிச்சான், அந்த நேரம் பார்த்து பெரியம்மா போன் பண்ணி சாப்டியாடான்னு கேட்டாங்க, ரெக்கார்டிங் கட். மறுபடி ஆரம்பிச்சா கொஞ்ச நேரத்துல ஸ்டோரேஜ் ஃபுல்லுன்னு வந்து நின்னுடுச்சு. அடுத்த நாள் ஃப்ரெண்டோட ஸ்டில் கேமரா ஒன்னு வாங்கிட்டு வந்தேன், அது சரியா 29 நிமிஷம் 59 செகண்டுல தானா நின்னுடும், நான் பாட்டுக்குக் கூத்துல லயிச்சுப் போய் பார்த்துட்டு இருக்கேன் அது எப்பவோ தூங்கிடுச்சு. அப்புறம் தான் தெரிஞ்சுது, ஐரோப்பால அரைமணிக்கு மேல ரெக்கார்ட் பண்ற கேமராவை வீடியோ கேமரான்னு கணக்கு வச்சு சுங்க வரி போட்டுட்டு இருந்தாங்களாம், அதுல இருந்து தப்பிக்கத் தான் ஸ்டில் கேமரா கம்பெனிங்க நிறைய பேர் அந்த லிமிட்டை வச்சிருந்தாங்கன்னு. அங்க வரி, இங்க செய்யாறுல என் கூத்து போச்சு.

ஹேண்டிகேம்ல அந்தத் தொல்லை இல்ல. இதுல ஒரே மூச்சுல சுமார் 13 மணி நேரம் வரைக்கும் போகலாம்னு மேனுவல்லயே இருக்கு, கார்டும் கரண்டும் தாங்கணும் அவ்ளோ தான். நான் இதை வாங்கினதுக்கு முதல் காரணம் மேனுவல்ல இருந்த இந்த ஒரு லைன் தான், மத்ததெல்லாம் அப்புறம்.

மாடல் பத்தி சுருக்கமா சொல்லிடறேன். 2015 ஜனவரில வந்தது, முழுப் பேரு எச்டிஆர்-சிஎக்ஸ்405. கைல பிடிச்சா பேட்டரியோட 215 கிராம் கிட்ட தான் இருக்கும், ஒரு டம்ளர் டீ வெயிட். ஜெய்ஸ் (Zeiss) கம்பெனி லென்ஸ், 30 மடங்கு ஆப்டிகல் ஜூம். 2.7 இன்ச் ஸ்கிரீன், டச் கிடையாது, ஸ்கிரீன் ஓரத்துல ஒரு குட்டி ஜாய்ஸ்டிக், அதைத் தள்ளித் தள்ளித் தான் மெனுல போகணும். ஆரம்பத்துல எரிச்சலா இருக்கும். ஆனா ராத்திரி ரெண்டு மணிக்கு, கைல முறுக்கு எண்ணெய் இருக்கறப்ப, டச் ஸ்கிரீனை விட இது எவ்வளவோ தேவலை. வைஃபை கிடையாது, மைக் மாட்டற ஓட்டை கிடையாது, ஹெட்போன் ஓட்டையும் கிடையாது, மேல லைட்டு மைக்குன்னு எதையும் சொருக எடமும் கிடையாது. வாங்கறவங்க இதைத் தெரிஞ்சுகிட்டு வாங்கணும், வாங்கிட்டுப் புலம்பக் கூடாது. எனக்குத் தெரிஞ்சு தான் வாங்கினேன், காசு அவ்ளோ தான் இருந்துச்சு.

கார்டு கணக்கு தான் கூத்து எடுக்கறவனுக்கு முக்கியம். இதுல மைக்ரோ எஸ்டி போடலாம், சோனியோட மெமரி ஸ்டிக் மைக்ரோவும் போகும், அதை இப்ப யார் தேடுவா. ஏவிசிஎச்டிங்கற வீடியோ ஃபார்மேட்ல எஃப்எச்னு ஒரு குவாலிட்டி இருக்கு, செகண்டுக்கு 17 மெகாபிட், 64 ஜிபி கார்டுல எட்டு மணி நேரம் கிட்ட வரும், அதாவது ஒரு ராத்திரி கூத்து கார்டு மாத்தாம அப்படியே அடங்கிடும். எஃப்எக்ஸ் வச்சா 24 மெகாபிட், ஆறு மணி நேரத்துக்குக் கொஞ்சம் கம்மி. எக்ஸ்ஏவிசி எஸ்-னு இன்னொரு ஃபார்மேட் மேல இருக்கு, 50 மெகாபிட், படம் நல்லா இருக்கும் தான் ஆனா அதே கார்டுல ரெண்டரை மணி சொச்சம் தான் வரும், அது வேற எஸ்டிஎக்ஸ்சி கிளாஸ் 10 கார்டு தான் கேக்கும். கல்யாணத்துல முகூர்த்தம் மட்டும் எடுக்கறவங்களுக்கு அது ஓகே.

எஃப்எச்ல ஒரு குறை, அது 50i (இன்டர்லேஸ்), அதாவது ஒரு ஃபிரேமை ஒத்தைப்படை வரி ரெட்டைப்படை வரின்னு ரெண்டு தடவையா எடுக்கறது. டிவில பார்த்தா தெரியாது, கம்ப்யூட்டர்ல பார்த்தா வேஷக்காரர் கிறுகிறுன்னு சுத்தறப்ப கை ஓரம், தோள்ல கட்டற புஜக்கட்டை ஓரமெல்லாம் சீப்புப் பல்லு மாதிரி கோடு கோடா தெரியும். அதனால நான் என்ன பண்றேன்னா, சாதாரணமா எஃப்எச்ல ஓட விட்டுட்டு, அர்ஜுனன் தபசு அன்னிக்கு மட்டும் பிஎஸ்-ங்கற குவாலிட்டிக்கு மாத்திடுவேன், அது 28 மெகாபிட், 50p, முழு முழு ஃபிரேமா எடுக்கும், அந்தக் கோடு வராது. அஞ்சு மணி நேரம் வரும், நடுவுல ஒரு தடவை கார்டு மாத்தினா போதும்.

அப்புறம் ஃபைல். ஏவிசிஎச்டில முழு ராத்திரியும் ஒரே ஃபைலா வராது, 2 ஜிபி ஆனதும் வெட்டி அடுத்த ஃபைல் ஆரம்பிச்சுக்கும், எஃப்எச்ல கால் மணிக்கு ஒன்னு வீதம் காலைல பார்த்தா முப்பது எம்டிஎஸ் ஃபைல் உக்காந்திருக்கும். தனித்தனியா ஓட்டினா ஒட்டுற எடத்துல டக்குன்னு ஒரு நொண்டல், பாட்டு நடுவுல வந்தா உயிர் போயிடும். சோனியோட பிளேமெமரிஸ் சாஃப்ட்வேர் மூலமா இறக்கினா அதுவே சேர்த்துக் குடுத்துடும், நான் எஃப்எஃப்எம்பெக்னு வேற ஒரு சாஃப்ட்வேர் வச்சு சேர்த்துக்கறேன், திரும்ப என்கோட் பண்ணாமலே சேர்க்கலாம், அஞ்சு நிமிஷ வேலை. ஒரு தடவை இடம் பத்தலன்னு கார்டை லேப்டாப்ல சொருகி ஸ்ட்ரீம் ஃபோல்டர்ல இருந்து நாலஞ்சு ஃபைலை நானே டெலீட் பண்ணிட்டேன். திரும்ப கேமரால போட்டா டேட்டாபேஸ் சரியில்லன்னு கத்துது, எனக்கு வேர்த்துடுச்சு. மெனுலயே ரிப்பேர் பண்ற ஆப்ஷன் இருந்துச்சு, பண்ணினதும் சரியாச்சு. அதுல இருந்து டெலீட், ஃபார்மேட் எல்லாம் கேமராவுக்குள்ள தான்.

கார்டுல பட்ட பெரிய அடி வேற. 2018ல ஒரு கடைல 128 ஜிபி கார்டு பாதி வெலைக்குக் குடுத்தான், ஆசைப்பட்டு வாங்கிட்டேன். கர்ண மோட்சம் முழுக்க எடுத்தேன், ரெட் லைட் எரிஞ்சுட்டே தான் இருந்துச்சு, டைம் ஓடிட்டே தான் இருந்துச்சு. காலைல பார்த்தா மொத ரெண்டு மணி நேரம் தான் ஒழுங்கா ஓடுது, மிச்சமெல்லாம் வெறும் ஓடு. டூப்ளிகேட் கார்டு. உள்ள இருக்கற சின்ன சிப்பு தன்னைப் பெரிய கார்டுன்னு பொய் சொல்லும், நெஜமான இடம் தீர்ந்ததும் வர்றதையெல்லாம் வாங்கி ஆத்துல உடற மாதிரி தான். சித்தப்பா தான் அன்னிக்குக் கர்ணன். அவர்ட்ட எப்படிச் சொல்றதுன்னு ரெண்டு நாள் அவங்க தெரு பக்கமே போகல. இப்பல்லாம் எந்தப் புது கார்டு வாங்கினாலும் எச்2டெஸ்ட்டபிள்யூன்னு ஒரு இலவச சாஃப்ட்வேர்ல முழுசா நிரப்பி, திரும்பப் படிச்சுப் பார்த்துட்டுத் தான் கேமரால போடுவேன். ராத்திரி முழுக்க ஆவும், ஆவட்டும்.

கரண்டு விஷயத்துல தான் இது எனக்கு ரொம்பப் பிடிச்சது. கைவார்லயே ஒரு குட்டி யுஎஸ்பி ஒயர் ஒளிஞ்சிருக்கும், உருவி சார்ஜர்ல சொருக வேண்டியது தான். பேட்டரி என்பி-பிஎக்ஸ்1, சோனி ஆர்எக்ஸ்100 ஸ்டில் கேமரால போடற அதே பேட்டரி, ஒன்னு முழு சார்ஜுல எனக்கு ஒன்றரை மணி நேரம் கிட்ட நிக்கும். கூத்துக்கு அது எந்த மூலைக்கு. அதனால ஸ்டாண்டு காலுல பெரிய பவர் பேங்க்கை சணல் போட்டுக் கட்டி, கூட குடுத்த எக்ஸ்டென்ஷன் ஒயர்ல சொருகிடுவேன், பேட்டரி உள்ள இருக்கணும், ஆனா சார்ஜ் வெளில இருந்து போயிட்டே இருக்கும். விடிய விடிய நிக்கும். வெலை கம்மின்னு வேற ரெண்டு பேட்டரி வாங்கினேன், பேர் தெரியாத பிராண்டு, மூணாவது வருஷம் உப்பிப் போய் வெளில எடுக்கவே பல்லால கடிக்காத கொறை. அந்த வேலை வேணாம்.

இப்ப படத்துக்கு வர்றேன். சென்சார் 1/5.8 இன்ச், நகக்கண்ணு அளவு கூட இல்ல. அந்த அளவுக்கு இருட்டுல என்ன வருமோ அது தான் வரும், இதுல மாயம் மந்திரம் ஒன்னும் இல்ல. ஆனா ஒரு சூட்சுமம் புரிஞ்சுக்க எனக்கு ரெண்டு சீசன் ஆச்சு. ஜூம் பண்ணாம லென்ஸ் அகலமா இருக்கறப்ப எஃப்1.8, முழுசா ஜூம் பண்ணினா எஃப்4, இந்த எண் ஏற ஏற உள்ள வர்ற வெளிச்சம் கொறையும். கணக்குப் போட்டா முழு ஜூம்ல உள்ள வர்ற வெளிச்சம் அஞ்சுல ஒரு பங்கு தான். மொதல்ல நான் கூட்டத்துக்குப் பின்னாடி திண்ணைல ஸ்டாண்டு போட்டு, மூஞ்சிய ஜூம் பண்ணி எடுத்துட்டு, ஐயோ மணல் மணலா இருக்கேன்னு அழுதுட்டு இருந்தேன். இப்ப பாய் போட்டு உக்காந்திருக்கற பசங்களுக்கு நடுவுல, வாத்தியக்காரங்க பெஞ்சுக்கு எதிர்ல, முன்னாடியே போய் உக்காந்துடறேன். ஜூம் பண்ணாம முழு ஆளையும் எடுத்தா அதே கேமரா, அதே லைட்டு, ஆனா படம் தெளிவா வருது. 30 மடங்கு ஜூம் எல்லாம் பகல்ல படுகளத்துக்கு, அதாவது துரியோதனன் சாகற கட்டத்துக்குத் தான், மண்ணால செஞ்சு படுக்க வச்சிருக்கற துரியோதனன் தலைல இருந்து கால் வரைக்கும் கூரை மேல இருந்தே இழுத்து எடுக்கலாம், அந்த வெயில்ல அவ்ளோ அழகா இருக்கும். டிஜிட்டல் ஜூமை மட்டும் ஆஃப் பண்ணி வச்சிடுங்க.

ஆட்டோல விட்டா இன்னொரு பிரச்சனை. பின்னாடி முழுக்க இருட்டு, நடுவுல ஃபோகஸ் லைட்டுல வேஷக்காரர், கண்ணாடி ஒட்டின கிரீடம், அரிதாரம் பூசின மூஞ்சி. கேமரா இருட்டைப் பார்த்து ஐயோ பாவம்னு வெளிச்சத்தைக் கூட்டிடும், மூஞ்சி வெள்ளை அப்பளம் ஆயிடும், கட்டை வேஷக்காரர் (கிரீடம், புஜக்கட்டை எல்லாம் கட்டி ஆடறவரு) எவ்வளவு நேரம் ஒப்பனை போட்டாரோ அத்தனையும் வீண். சீன் செலக்‌ஷன்ல ஸ்பாட்லைட்னு ஒன்னு இருக்கு, அதை வச்சேன், செவப்பு செவப்பா, பச்சை பச்சையா திரும்ப வந்துடுச்சு. லோ லக்ஸ்னு இருக்கறது பக்கம் போவாதீங்க, ஷட்டரை மெதுவாக்கித் தான் வெளிச்சம் சேர்க்கும், ஆடறவர் ஆவி மாதிரி இழுத்துட்டுப் போவாரு.

லைட்டு ஜெனரேட்டர்ல ஓடறப்ப சில நாள் படத்துல மேல இருந்து கீழ பட்டை பட்டையா நகரும். கேமரா ரிப்பேர்னு பயந்தேன், இல்ல. நம்ம கரண்டு 50 ஹெர்ட்ஸ், இந்த கேமராவும் அதுக்குத் தகுந்தாப்ல ஓடுது, ஜெனரேட்டர் அந்த 50ல நிக்காம ஏறி எறங்குச்சுன்னா மட்ட ரக எல்இடி லைட்டு மினுக்கறது கேமரா கண்ணுக்குத் தெரிஞ்சுடும். மஞ்சள் பல்பு ரெண்டு சேர்த்துப் போடச் சொன்னேன், கொறஞ்சுது. பந்தல்காரர் மொறச்சாரு, அது வேற விஷயம்.

படம் ஆடாம பார்த்துக்கற ஸ்டெடிஷாட், கேமராவைக் கைல பிடிச்சு நடந்தா உதவும், ஆக்டிவ்ல வச்சா இன்னும் நல்லா நிக்கும். ஸ்டாண்டுல போட்டா ஆஃப் பண்ணிடுங்க.

சத்தம் தான் என் தலைவலி. முகவீணை, ஆர்மோனியம், மிருதங்கம், தாளம், அது போதாதுன்னு மரத்துல கட்டின குழாய் ஸ்பீக்கர். கேமரா மைக் முன்னாடி உக்காந்திருக்கற கொழந்தை அழற சத்தத்தை அழகா எடுக்கும். மைக் ஓட்டை இல்லாததால பழைய போன் ஒன்னை ஏரோபிளேன் மோடுல போட்டு, ரெக்கார்டர் ஆன் பண்ணி, ஆர்மோனியக்காரர் பெஞ்சுக்கு அடியில துண்டு சுத்தி வச்சிடறேன். ஆரம்பத்துல பாடற காப்புப் பாட்டோட மொதல் தாளத்தை அடையாளமா வச்சு வீட்ல சேர்த்தா ஒட்டிக்கும், ஆனா ரெண்டு மூணு மணி நேரம் போனதும் வாய் ஒரு பக்கம் பாட்டு ஒரு பக்கம்னு நகர ஆரம்பிக்கும், ரெண்டு கருவியோட கடிகாரமும் ஒரே வேகத்துல ஓடாதாம். அதனால ஒவ்வொரு வேஷம் தெரைல வர்றப்பவும் ஒரு தடவை புதுசா ஒட்டணும். ஒரு ராத்திரி கூத்துக்கு எனக்கு ரெண்டு ஞாயித்துக்கிழமை போவுது.

இவ்ளோ எடுத்து யாருக்குக் குடுக்கறேன்னா, ஜமால எல்லாருக்கும் பென் டிரைவ்ல தான். எம்டிஎஸ் அவங்க வீட்டு டிவில பாதிக்கு ஓடல. இதுல ஒரே நேரத்துல பெரிய ஃபைலும் சின்ன எம்பி4 ஃபைலும் சேர்த்து எடுக்கற டூயல் ரெக்கார்ட் இருக்கு, சின்னது 720பி தான், ஆனா மாத்தற வேலையே இல்லாம மறுநாள் சாயங்காலமே குடுத்துடலாம், வாட்ஸாப்ல துண்டு துண்டா சுத்தும். இந்த வசதிக்காகவே இதை நான் யாருக்கும் சொல்வேன். லாக்டவுன்ல இதையே எச்டிஎம்ஐ ஒயர்ல கம்ப்யூட்டர்ல மாட்டி, சித்தப்பாவை வீட்டுத் திண்ணைல உக்கார வச்சு சொந்தக்காரங்களுக்கு லைவ்ல பாட வச்சோம், ஸ்கிரீன் எழுத்தையெல்லாம் மறைச்சுட்டு வெறும் படத்தை மட்டும் அனுப்பும், அதுக்கு ஒரு கேப்சர் டாங்கிள் மட்டும் தனியா வாங்க வேண்டி இருந்துச்சு.

போன மாசம் தபசு எடுத்தது குடுத்தேன். மரத்துக்கு மேல ஏறி உச்சில நின்னு எலுமிச்சம்பழம், பூ, விபூதி எல்லாம் வீசற கட்டம், கீழ கொழந்தை வரம் கேட்டு நிக்கற பொண்ணுங்க முந்தானையை ஏந்திட்டு இருக்காங்க, ஆகாசம் இன்னும் வெளுக்கல. சித்தப்பா ரெண்டு தடவை ஓட்டிப் பார்த்துட்டு, "ஏன்டா தம்பி, அவ்ளோ கஷ்டப்பட்டு ஏறினேன், என் மூஞ்சியே தெரியலயே"ன்னாரு.

"முழு ஜூம்ல எஃப்4 சித்தப்பா, வெளிச்சம் பத்தல."

"அப்ப அடுத்த வருஷம் நீயும் மரத்துல ஏறு"ன்னுட்டாரு.