பழம் கறுத்துவிட்டது: கேக்கா, பணியாரமா, பன்ஸா?

ஆயுத பூஜை முடிந்த நாலாம் நாள் எங்கள் வீட்டுச் சமையல் மேடையில் இரண்டு சீப்புப் பூவன் பழம் கிடந்தது. ஒன்று படையலுக்கு வாங்கியது. மற்றது அக்கம்பக்கத்துப் பிரசாதத் தட்டுகளில் இரண்டு மூன்றாக வந்து சேர்ந்தது. சீப்பைத் தூக்கினால் நாலு பழம் காம்பு கழன்று பொத்தென்று விழுந்தது. சாமிக்கு வைத்ததைக் குப்பையில் போட அம்மாவுக்கு மனசு வராது. கறுத்த பழத்தை உரித்துத் தின்ன எங்களில் யாருக்கும் மனசு வராது. அந்த வாரம் முழுக்க ஒவ்வொன்றாகச் செய்து பார்த்ததில் எது தேறியது, எது தேறவில்லை என்பதுதான் இது.

முதலில் பழத்தைப் பார்த்துவிடலாம். தோல் முழுக்கக் கறுத்திருந்தாலும் உள்ளே வெளுத்தும் லேசாகப் பழுப்பேறியும் இருந்தால் தாராளமாக எடுக்கலாம். காயில் இருந்த மாவுச்சத்து பழுக்கப் பழுக்கச் சர்க்கரையாக மாறுகிறது. கறுத்த பழம் அந்த வேலையை முடித்த பழம், அதனால்தான் அவ்வளவு இனிப்பு. நீர் கசிந்தாலோ, கள்ளு மாதிரி புளித்த வாடை அடித்தாலோ, காம்போரம் பூஞ்சை பிடித்திருந்தாலோ செடிக்கு உரமாகட்டும். அடுப்பில் ஏற்றினால் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைக்க வேண்டாம், அந்த வாடை கேக்கிலும் வரும்.

அடுத்தது ரகம். பலரும் கோட்டைவிடுவது இங்கேதான். இணையத்தில் கிடைக்கும் வாழைப்பழ கேக் செய்முறை பெரும்பாலும் ‘மூன்று பழம்’ என்று தொடங்கும். அந்த மூன்றும் நம் ஊரில் பச்சைப்பழம், மோரிஸ், ரொபஸ்டா என்று சொல்கிற பெரிய ரகம். மூன்று பூவனைப் போட்டால் அதில் பாதிதான் தேறும். அதனால் பழத்தை எண்ணாதீர்கள். மசித்துக் கப்பில் அளங்கள். ஒரு கப் மசியலுக்குப் பச்சைப்பழம் மூன்று போதும், பூவன் என்றால் ஐந்தாறு வேண்டும். பூவனில் இனிப்போடு ஒரு புளிப்பும் உண்டு. ரஸ்தாளியில் சில சமயம் ‘கல்’ விழுந்திருக்கும், எவ்வளவு பிசைந்தாலும் அது மசியாது, மிக்ஸியில் ஒரு சுற்று ஓட்டினால்தான் சரி. கற்பூரவல்லி நல்ல இனிப்பு, ஆனால் எப்போதாவது விதை பல்லில் படும். நேந்திரம் கறுத்தால் இந்தப் போட்டிக்கே கொண்டுவர வேண்டாம். நறுக்கி நெய்யில் வதக்கிச் சாப்பிட்டுவிடலாம்.

சரி, கேக். ஒன்றரைக் கப் மைதா, ஒரு கப் பழ மசியல், அரை கப் சர்க்கரை, அரை கப்புக்குச் சற்றுக் குறைவாக எண்ணெய், இரண்டு முட்டை, முக்கால் டீஸ்பூன் சமையல் சோடா, ஒரு சிட்டிகை உப்பு. முட்டை சேர்க்காதவர்கள் அரை கப் கெட்டித் தயிர் விடலாம். ஓடிஜியை (மின்சார ஓவன்) 170 டிகிரியில் முன்சூடு செய்து 45 முதல் 55 நிமிடம். சோடா பொங்க ஒரு புளிப்பு வேண்டும், பழமும் தயிரும் அதைக் கொடுக்கின்றன. பொங்கட்டும் என்று ஒரு ஸ்பூன் கூடப் போட்டால் மிஞ்சுவது சோப்பு வாசனை.

என் முதல் கேக் ஊற்றிக்கொண்டது. பழம்தான் நிறைய இருக்கிறதே என்று ஒரு கப்புக்குப் பதில் இரண்டு கப் மசியலைக் கொட்டினேன். மேலே அழகாக வெடித்து, பொன்னிறமாக உப்பி வந்தது. வீடெல்லாம் மணம். ஆறவிட்டு வெட்டினால் மேல் இரண்டு விரல்கடை கேக், அடியில் களி. இன்னும் 20 நிமிடம் வைத்தும் களி களியாகவே இருந்தது. இரண்டாவது தடவை அளவோடு பூவன் போட்டதில் நன்றாக வந்தது, ஆனாலும் கொஞ்சம் கனம், ஓரத்தில் ஒரு புளிப்பு. அடுத்த வாரம் பச்சைப்பழத்தில் செய்தபோதுதான் வித்தியாசம் தெரிந்தது. மணம், மென்மை, ஈரப்பதம் எல்லாவற்றிலும் அது ஒரு படி மேல். கேக்குக்குப் பிறந்த பழம் பச்சைப்பழம்தான். இன்னொரு விஷயம், மைதாவைப் போட்ட பிறகு பீட்டர், மிக்ஸி எதுவும் கூடாது. கரண்டியால் பத்துப் பதினைந்து கிண்டு போதும். அங்கங்கே மாவு தெரிந்தாலும் பரவாயில்லை. அதிகம் அடித்தால் ரப்பர் மாதிரி இழுக்கும்.

ஓடிஜி இல்லாத வீட்டில் குக்கர் கேக். அதே மாவுதான். குக்கரில் இரண்டு கப் கல்லுப்பைப் பரப்பி, மேலே ஸ்டாண்டு வைத்து, கேஸ்கட்டும் வெயிட்டும் இல்லாமல் மூடிப் பத்து நிமிடம் சூடேற்றி, பிறகு மாவுப் பாத்திரத்தை வைத்துச் சிறு தீயில் முக்கால் மணி நேரம். உள்ளே வெந்துவிடும், ருசியிலும் குறை சொல்ல முடியாது. மேலேதான் நிறமே வராது, சூடு கீழிருந்து மட்டும் வருவதால் பார்க்க இட்லி மாதிரி வெளுத்திருக்கும். கவிழ்த்துப் போட்டு அடிப்பக்கத்தை மேலாக்கிப் பரிமாறுவது என் வழக்கம். சில குக்கர்கள் வெறும் சூட்டில் நிறம் மாறிவிடும், அதனால் பழைய குக்கராகப் பார்த்து எடுங்கள். அந்த உப்பையும் கொட்டிவிடாமல் டப்பாவில் போட்டு அடுத்த கேக்குக்கு எடுத்து வைக்கலாம்.

பணியாரத்துக்கு இந்தப் பாடெல்லாம் இல்லை. நாலு பூவனை மசித்து, ஒரு கப் கோதுமை மாவு, கால் கப் அரிசி மாவு, அரை கப் வெல்லத்தைக் கரைத்து வடிகட்டிய பாகு, ஏலக்காய், நெய்யில் வறுத்த தேங்காய்ப் பல். இட்லி மாவைவிடக் கொஞ்சம் கெட்டியாக இருந்தால் போதும். பணியாரச் சட்டியில் குழிக்கு அரை ஸ்பூன் நெய் விட்டு, முக்கால் குழி ஊற்றி மூடினால் இரண்டு நிமிடத்தில் ஓரம் உப்பி, நடுவில் சின்னச் சின்னத் துளை விழும். அப்போது குச்சியால் திருப்ப வேண்டும். தீ கூடினால் வெல்லம் கருகி வெளியே கறுப்பு, உள்ளே பச்சை மாவு. பூவனின் புளிப்பு கேக்கில் துருத்திக்கொண்டு தெரிந்ததல்லவா, வெல்லத்தோடு சேர்ந்தால் அதே புளிப்புதான் திகட்டாமல் காப்பாற்றுகிறது. பழத்தை எடுத்ததிலிருந்து தட்டுக்கு வர அரை மணி நேரம். இரண்டு மூன்று பழம்தான் மிச்சம் என்றாலும் அதற்கேற்ப அளவைக் குறைத்துக்கொள்ளலாம், கேக்கில் அது முடியாது. ஒரே குறை, மறுநாள் வைத்தால் இறுகிப்போகும்.

மங்களூர் பன்ஸ் எனக்குப் புதுசு. பெயர்தான் பன், உண்மையில் அது உப்பிய இனிப்புப் பூரி. கீழ் வீட்டு உடுப்பிக்கார அக்கா சொல்லிக் கொடுத்தார். பழம், இரண்டு ஸ்பூன் சர்க்கரை, இரண்டு ஸ்பூன் தயிர், உப்பு, சீரகம், ஒரு சிட்டிகை சோடா எல்லாவற்றையும் பிசைந்து, அது எவ்வளவு மைதா கேட்கிறதோ அவ்வளவு மட்டும்.

“தண்ணி ஒரு சொட்டு விடக் கூடாதும்மா. கையில ஒட்டுதேன்னு மாவைக் கொட்டிடாத. எண்ணெய் தொட்டுக்கோ.”

கொட்டியிருப்பேன், அக்கா பக்கத்தில் நின்றதால் தப்பித்தேன். ராத்திரி மூடி வைத்துக் காலையில் பார்த்தால் மாவு தளர்ந்து, புளித்து, பஞ்சு மாதிரி இருந்தது. பூரியைவிடத் தடிமனாகத் தேய்த்து மிதமான எண்ணெயில் போட்டு, மேலே எண்ணெயைத் தள்ளிவிட்டுக்கொண்டே இருந்தால் பந்தாக எழும். தேங்காய்ச் சட்னியோடு தின்றால், இனிப்பும் சீரகமும் காரமும் சேர்ந்து, நாலில் ருசிக்கு முதலிடம் இதற்குத்தான். ஆனால் முந்தின ராத்திரியே நினைவு வைத்துப் பிசைய வேண்டும், எண்ணெய்ச் சட்டி பக்கத்தில் நின்று பொரிக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமைக்குச் சரி. வேலை நாளில் யார் செய்வது?

ஓட்ஸும் பழமும் மட்டும் பிசைந்து, ‘ஆரோக்கிய பிஸ்கட்’ என்று ஒன்று சுட்டேன். பிஸ்கட்டும் இல்லை, கேக்கும் இல்லை. நேற்றைய உப்புமாவைத் தட்டிச் சுட்டது மாதிரி இருந்தது. வீட்டில் ஒருவரும் இரண்டாவது எடுக்கவில்லை.

ஆக, எங்கள் வீட்டில் இப்போது பூவன் கறுத்தால் பணியாரச் சட்டி இறங்கும், பச்சைப்பழம் கறுத்தால் ஓடிஜி. யாராவது விருந்தாளி தங்கியிருந்தால் ராத்திரியே பன்ஸ் மாவு. பத்து நாள் வெளியூர்ப் பயணத்துக்குக் கேக்தான் சரி, பணியாரம் தாங்காது என்று எழுத ஆசைதான். ஆனால் பழம் சேர்ந்த கேக்கும் நம் வெயிலில் வெளியே இரண்டு நாள்தான், அப்புறம் ஃபிரிட்ஜ்.

எதற்கும் நேரமில்லாத வாரத்தில் பழத்தை உரித்து டப்பாவில் போட்டு ஃபிரீசரில் வைத்துவிடுகிறேன். தோலோடு வைத்தால் பிறகு உரிக்கப் பெரும்பாடு. வெளியே எடுத்ததும் தண்ணீர் விட்டுக் கூழாகக் கிடக்கும், பார்க்கச் சகிக்காது. அந்தத் தண்ணீரையும் சேர்த்தே அளந்து மாவில் விட்டுவிடலாம், மணமெல்லாம் அதில்தான் இருக்கிறது. பூஜைப் பழத்தில் கடைசி ஆறு இன்னும் அங்கேதான் இருக்கின்றன. அம்மா ஃபிரீசரைத் திறக்கும்போதெல்லாம் “எப்போடி பணியாரம்?” என்கிறாள்.