எம்சிபி2221ஏ யூஎஸ்பி–ஐ2சி பலகை: கெர்னல் டிரைவரில் கைவைப்போரின் பார்வையில்

மடிக்கணினிக்குள் இருக்கும் ஐ2சி பஸ்ஸில் (சிப்புகள் இரண்டு கம்பிகளில் பேசிக்கொள்ளும் தடம்) டிரைவர், அதாவது சாதனத்தை இயக்கும் கெர்னல் நிரல், எழுதிப் பழகுவது சற்று அபாயமான வேலை. தொடுபலகையும், நினைவகத்தின் விவரங்களைச் சுமக்கும் சிறு ஈஈப்ராமும் (மின்சாரம் போனாலும் அழியாத சேமிப்புச் சிப்) அவ்வகைத் தடங்களில்தான் தொங்குகின்றன. தவறான முகவரிக்கு ஒரு பைட் போய்விட்டால் மறுநாள் கணினி எழாமலே போகலாம். அந்த அச்சத்தினால்தான், யூஎஸ்பி வழியாகத் தனி ஐ2சி பஸ் ஒன்றைத் தரும் மைக்ரோசிப் நிறுவனத்தின் எம்சிபி2221ஏ சிப் பொருத்திய சிறு பலகை ஒன்றை வாங்கினேன்.

யூஎஸ்பியில் செருகியதும் இது இரண்டு சாதனங்களாகத் தெரிகிறது: ஒன்று சாதாரண சீரியல் போர்ட்; மற்றொன்று, விசைப்பலகை, மவுஸ் போன்றவை அடங்கும் எச்ஐடி வகையைச் சேர்ந்த சாதனம். ஐ2சி, நான்கு ஜிபிஐஓ முனைகள் (பொதுப் பயன்பாட்டு உள்ளீடு, வெளியீடு), மின்னழுத்தத்தை எண்ணாக்கும் 10 பிட் ஏடிசி, எண்ணை மின்னழுத்தமாக்கும் 5 பிட் டிஏசி ஆகிய அனைத்தும் இந்த இரண்டாவது வாசல் வழியாகவே, 64 பைட் பொட்டலங்களாகப் போய்வருகின்றன. இதற்கான டிரைவர் 2020இல் வெளிவந்த லினக்ஸ் 5.7இலிருந்து கெர்னலிலேயே இருக்கிறது. முதலில் ஐ2சி மட்டும் வந்தது. ஜிபிஐஓவும் ஏடிசி, டிஏசி ஆதரவும் பின்னர் ஒவ்வொன்றாகச் சேர்ந்தன. ஒரே கோப்பில் அடங்கிய அந்த டிரைவரின் கிட் (git) மாற்ற வரலாற்றை வரிசையாகப் படித்தாலே, ஒரு டிரைவரை உடைக்காமல் எப்படி வளர்ப்பது என்பது பெருமளவு விளங்கிவிடும். பலகைக்குக் கொடுத்த காசில் பாதி எனக்கு அதிலேயே ஈடாகிவிட்டது.

நான் எடுத்துக்கொண்ட வேலை, மானிட்டர் தன் திறன்களைக் கணினிக்குச் சொல்லும் ஈடிஐடி (EDID) தகவலை எச்டிஎம்ஐ முனையிலிருந்து நேரடியாகப் படிப்பது. ஈடிஐடி 128 பைட் கட்டங்களாக இருக்கும். ஒரு பொட்டலத்தில் தலைப்புப் போக 60 பைட் தரவுதான் கொள்ளும் என்பதால், ஒரு கட்டம் 60, 60, 8 எனத் துண்டாகி வந்து டிரைவருக்குள் ஒட்டப்படுகிறது. முதல் 256 பைட்டும் எந்தத் திருத்தமும் இல்லாமலே வந்துவிட்டன. அதற்கு மேல் போக வேண்டுமானால், ஹெக்ஸ் (பதினாறடிமான) 30 முகவரிக்கு, எந்த 256 பைட் பகுதி என்று குறிக்கும் பகுதி எண்ணையும் ஹெக்ஸ் 50க்குத் தொடக்க இடத்தையும் எழுதி, பிறகு படிக்க வேண்டும். இம்மூன்றும் நடுவில் ஸ்டாப் (பஸ்ஸை விடுவிக்கும் முடிவுக் குறி) இல்லாமல் நடக்க வேண்டும், ஏனெனில் ஸ்டாப் வந்தவுடன் பகுதி எண் பூச்சியத்துக்குத் திரும்பிவிடும். டிரைவரோ ஒற்றைச் செய்தியையும், ஒரே முகவரிக்கு எழுதிப் படிக்கும் இரட்டையையும் மட்டுமே ஏற்கிறது. மற்றவற்றை ஆதரவில்லை என்று திருப்பி அனுப்பிவிடுகிறது.

சோம்பலால் விட்டுவிட்டார்கள் என்றுதான் முதலில் நினைத்தேன். சிப்பின் கட்டளைப் பட்டியலைப் பார்த்த பிறகு அந்த எண்ணம் மாறியது. ஹெக்ஸ் 94 ஸ்டாப் இல்லாமல் எழுதும். 92 மறு ஸ்டார்ட்டுடன் (பஸ்ஸை விடாமலே அடுத்த செய்தியைத் தொடங்கும் குறி) எழுதி ஸ்டாப் போடும். 93 மறு ஸ்டார்ட்டுடன் படிக்கும். மறு ஸ்டார்ட்டுடன் எழுதிவிட்டு ஸ்டாப் போடாமல் பஸ்ஸைப் பிடித்துவைத்திருக்கும் கட்டளை அந்தப் பட்டியலில் இல்லை. ஆகவே 94ஐயும் 92ஐயும் இணைத்து இரண்டு எழுதும் செய்திகளை அடுத்தடுத்து அனுப்பும் வசதியைச் சேர்த்தேன். மூன்று செய்திக் கோரிக்கையைத் தெளிவான பிழையுடன் மறுக்கும்படி விட்டேன். மானிட்டரின் மீதிக் கட்டங்கள் இன்றுவரை எனக்குக் கிட்டவில்லை.

சேர்த்த வசதியிலும் ஒரு சறுக்கல் நேர்ந்தது. வெற்றி என்றால் பூச்சியம் என்ற கெர்னல் பழக்கத்தில் பூச்சியத்தையே திருப்பியனுப்பினேன். செய்தி ஒழுங்காகப் போயிருந்தும், இரண்டில் ஒன்றுகூடப் போகவில்லை என்று சோதனைக் கருவி எச்சரித்துக்கொண்டே இருந்தது. ஐ2சி அடுக்கு எதிர்பார்ப்பது அனுப்பி முடித்த செய்திகளின் எண்ணிக்கையை. தவறு முழுவதும் என்னுடையதுதான். ஆனாலும் அதைக் கண்டுபிடிக்க ஒரு மாலைப் பொழுது போய்விட்டது. அப்போது டிரைவரைப் பத்துப் பன்னிரண்டு முறை கழற்றி மாட்டியும் கணினி ஒருமுறைகூட உறையாதது இந்தப் பலகையின் பெரிய சௌகரியம்.

வேகத்தை எதிர்பார்த்து இதை வாங்கக் கூடாது. டிரைவர் மாட்யூலை ஏற்றும்போது தரும் அளவுருவில் ஐ2சி கடிகாரத்தை 50 முதல் 400 கிலோஹெர்ட்ஸ் வரை வைக்கலாம். 12 மெகாஹெர்ட்ஸை அதனால் வகுத்து 3ஐக் கழித்த எண்ணை டிரைவர் சிப்புக்கு அனுப்புகிறது. சாதனத்தின் ஒரு ரெஜிஸ்டரை (ஒரு பைட் அளவுள்ள உள் சேமிப்பிடம்) படிக்க 100 கிலோஹெர்ட்ஸிலேயே கம்பியில் அரை மில்லிநொடிகூட ஆகாது. ஆனால் அதற்காக யூஎஸ்பியில் எழுது, படி, கொடு என்று மூன்று கட்டளைகள் போய்த் திரும்ப வேண்டியிருப்பதால் மொத்தம் பல மில்லிநொடிகள் கரைந்துவிடுகின்றன. கடிகாரத்தை நான்கு மடங்கு ஏற்றினாலும் இந்தக் காத்திருப்பு குறைவதில்லை.

வாங்குமுன், ஐ2சியின் தரவுக் கம்பியான எஸ்டிஏ, கடிகாரக் கம்பியான எஸ்சிஎல் இரண்டிலும், கம்பியை உயர்நிலையில் வைக்கும் புல்-அப் மின்தடை இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும், இல்லையென்றால் 4.7 கிலோஓம் இரண்டு தனியாகச் சேர்த்தால் போதும். கெர்னல் டிரைவர் ஏறியிருக்கும்போது எச்ஐடிரா கோப்பு (நிரல்கள் எச்ஐடி சாதனத்துடன் நேரடியாகப் பேசும் வழி) உருவாகாது. அதை நம்பி இயங்கும் பைதான் நூலகம் வேண்டுமென்றால் மாட்யூலை முதலில் இறக்கிவிட வேண்டும். அடுத்து ஜிபி1 என்ற ஜிபிஐஓ முனையின் இன்டரப்ட்டை (முனையின் நிலை மாறியதைத் தெரிவிக்கும் குறிப்பு) டிரைவரில் சேர்க்க எண்ணியிருக்கிறேன். சிப் தானாக வந்து எதையும் சொல்லாது, நிலையைக் கேட்டால்தான் சொல்லும் என்பதால், அதற்கும் ஒரு டைமர் வைத்து ஓயாமல் கேட்டுக்கொண்டேதான் இருக்க வேண்டியிருக்கும்.