மரைன் சயின்ஸ் சீட் வாங்கித் தருகிறோம் என்றால் நம்பாதீர்கள்: எங்கள் 1,85,000 ரூபாய் போய்விட்டது

வீட்டில் ப்ளஸ் டூ முடித்த பிள்ளை இருந்து, அது கடல் சம்பந்தமான படிப்பு வேண்டும் என்று கேட்டுக்கொண்டிருந்தால், தயவுசெய்து இதை முழுசாகப் படியுங்கள். ஒரு அட்மிஷன் கன்சல்டன்சியிடம் ஒரு லட்சத்து எண்பத்தைந்தாயிரம் ரூபாயைக் கொடுத்துவிட்டு நிற்கிறோம். இன்று மதியம் கடைசியாக அவர்கள் சொன்ன பதிலைக் கேட்டுவிட்டு வந்து எழுதுகிறேன். வார்த்தை கொஞ்சம் சூடாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் ஊர் மண்டபம் பக்கம். அப்பா விசைப்படகில் கூலிக்குப் போகிறவர். அம்மா பாசி எடுக்கப் போவார். நான் திருப்பூரில் ஒரு கம்பெனியில் கணக்கு எழுதுகிறேன். தங்கை அரசுப் பள்ளியில் உயிரியல் பிரிவு எடுத்து நல்ல மதிப்பெண் வாங்கியிருக்கிறாள். சின்ன வயதிலிருந்தே அவளுக்குக் கடல்தான் பேச்சு. வளர்ப்பதற்காகக் கொண்டுவந்த கப்பாபைகஸ் பாசி குருசடைத் தீவுப் பக்கம் பவளப்பாறை மேல் ஏறிப் படர்ந்துவிட்டது என்று எங்கேயோ படித்துவிட்டு, "நீ எடுக்கிற பாசி ஏம்மா அப்படிப் பண்ணல?" என்று அம்மாவைக் கேட்டுக்கொண்டே இருப்பாள். அம்மாவுக்குப் பதில் தெரியாது. அதைத்தான் படிக்கப் போகிறேன் என்றாள்.

மே மாதம் ரிசல்ட் வந்தபோது தடைக்காலம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை எங்கள் கரையில் விசைப்படகு கடலுக்குப் போகாது. அந்த இரண்டு மாதத்துக்கு அரசு கொடுக்கும் நிவாரணம் 8,000 ரூபாய். அப்படிப்பட்ட நேரத்தில்தான் மதுரையில் மாடியில் இருக்கும் அந்தக் கன்சல்டன்சியின் விளம்பரம் தங்கையின் போனில் வந்தது. "பி.எஸ்சி மரைன் சயின்ஸ், யுஜிசி அங்கீகாரம், டைவிங் சான்றிதழ் இலவசம், நூறு சதவீதம் வேலை." யுஜிசி என்றால் பல்கலைக்கழக மானியக் குழு. பெயரைப் போட முடியவில்லை. புகார் கொடுத்திருப்பதால் இப்போதைக்குப் பொதுவில் எழுத வேண்டாம் என்று வக்கீல் சொல்லியிருக்கிறார். எந்த மாதிரி இடம் என்று மட்டும் சொல்கிறேன். கண்ணாடிக் கதவு, ஏசி, சுவர் முழுக்கப் பல்கலைக்கழகங்களின் சின்னங்கள், வரவேற்பில் ஒரு பெண். எல்லா ஊரிலும் இப்படி ஒன்று இருக்கிறது.

எங்களை நம்ப வைத்தது அந்த ஏசி அறை இல்லை. உள்ளே இருந்த ஆள் எழுந்து நின்று, முதலில் அப்பாவுக்கு நாற்காலி போட்டார். "தடைக்காலம்தானேய்யா, அதான் உங்களால வர முடிஞ்சுது" என்றார். அவருடைய அப்பாவும் வலை இழுத்தவராம். அப்புறம் தங்கையிடம் திரும்பி, "பாப்பா, உனக்கு என்ன பிடிக்கும்?" என்று கேட்டார். அவள் பாசி, பவளப்பாறை, ஆவுளியா (கடல்பசு) என்று ஆரம்பித்தாள். அந்த ஆள் குறுக்கே பேசவே இல்லை, முழுசாகக் கேட்டார். பாக் விரிகுடாவில் 2022-ல் ஆவுளியாவுக்கென்று காப்பகம் அறிவித்தார்களே, அங்கே ஆராய்ச்சிக்கு ஆள் இல்லாமல் தவிக்கிறார்கள் என்றார். அந்தப் பாசி விஷயத்தைப் பற்றிப் பாடம் வருமா என்று தங்கை கேட்டாள். "அதுக்குன்னே ஒரு செமஸ்டர் இருக்கு பாப்பா" என்றார். அப்பா என்னைப் பார்த்தார். நாங்கள் பேசுவதற்கு இத்தனை மரியாதை கொடுத்துக் கேட்ட முதல் அலுவலகம் அது. எனக்கு இப்போதும் ஆறாதது இதுதான். காசை எடுத்தவன் எடுத்துக்கொண்டு போகட்டும், ஒரு பெண்பிள்ளை ஆசையாகச் சொன்னதைக் கேட்டுக்கொண்டு, அதையே திருப்பி அவளிடம் விற்றிருக்கிறான்.

பதிவுக் கட்டணம் 10,000 என் சம்பளத்தில் இருந்து போனது. சீட் பிடித்து வைக்க 75,000, அம்மா மகளிர் குழுவில் கடன் வாங்கினார். டைவிங், கப்பல் பயிற்சி எல்லாவற்றுக்கும் சேர்த்து 1,00,000, நகையைக் கூட்டுறவு வங்கியில் வைத்தோம். மொத்தம் 1,85,000. சரிபார்க்க வேண்டும் என்று அசல் மதிப்பெண் பட்டியலையும் மாற்றுச் சான்றிதழையும் வாங்கி வைத்துக்கொண்டார்கள்.

அவர்கள் கொடுத்த கையேட்டை இப்போது எடுத்துப் பார்த்தால் பற்றிக்கொண்டு வருகிறது. ஒரு பக்கத்தில் வெள்ளைச் சீருடையில் கப்பல் அதிகாரி, இன்னொரு பக்கத்தில் திமிங்கிலம், கடைசிப் பக்கத்தில் சாகர் நிதி கப்பல், "உங்கள் செய்முறை வகுப்பு இங்கே" என்று. சாகர் நிதி சென்னை பள்ளிக்கரணையில் இருக்கும் தேசியக் கடல்சார் தொழில்நுட்ப நிறுவனத்தின் ஆராய்ச்சிக் கப்பல். முதல் வருட மாணவர்களை ஏற்றிக்கொண்டு போகிற கப்பல் இல்லை அது. கப்பல் அதிகாரி ஆவது வேறு பாதை. அதற்கு இந்தியக் கடல்சார் பல்கலைக்கழகத்தின் நுழைவுத் தேர்வு இருக்கிறது, படிக்கிற இடத்துக்குக் கப்பல் போக்குவரத்துத் தலைமை இயக்குநரகத்தின் ஒப்புதல் இருக்க வேண்டும். மீன்வளப் படிப்பு இன்னொரு பாதை. கடல் உயிரியல் மூன்றாவது பாதை. மூன்றையும் ஒரே கையேட்டில் போட்டு, யார் எதைக் கேட்டு வந்தாலும் "இருக்கு" என்று சொல்லிவிடுகிறார்கள். அந்த இலவச டைவிங் சான்றிதழ் என்பது சுற்றுலாவுக்கு வருகிறவர்கள் நாலைந்து நாளில் வாங்கிக்கொண்டு போவது. அதற்கும் பட்டப்படிப்புக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை.

ஜூலையில் வகுப்பு என்றார்கள். ஜூலை வந்ததும் பல்கலைக்கழகத்தின் இணைப்பு ஒப்புதல் வந்துகொண்டிருக்கிறது என்றார்கள். வாட்ஸ்அப் குழு ஒன்றில் சேர்த்தார்கள், அதில் அவர்கள் மட்டும்தான் பேச முடியும். தினமும் காலையில் ஒரு வாழ்த்துப் படம் வரும், வேறு ஒன்றும் வராது. புதுமைப் பெண் திட்டத்தில்தான் விஷயம் வெளியே வந்தது. அரசுப் பள்ளியில் ஆறு முதல் பன்னிரண்டு வரை படித்த பெண்பிள்ளைகள் உயர்கல்விக்குப் போனால் மாதம் 1,000 ரூபாய் வரும், கல்லூரி வழியாகத்தான் விண்ணப்பிக்க வேண்டும். தங்கை போன் போட்டு எந்தக் கல்லூரிப் பெயரில் பதிய வேண்டும் என்று கேட்டாள். ஒரு தடவை ஒரு பெயர் சொன்னார்கள், மறுதடவை இன்னொரு பெயர். கையேட்டில் இருந்த பல்கலைக்கழகத்தின் சேர்க்கைப் பிரிவுக்கு நானே போன் செய்தேன். அப்படி ஒரு படிப்பே எங்களிடம் இல்லை, யாருக்கும் ஏஜென்சி கொடுக்கவில்லை என்று ஒரே வரியில் சொல்லிவிட்டார்கள்.

அதற்குப் பிறகு நடந்ததுதான் கொடுமை. சார் மீட்டிங்கில் இருக்கிறார். சார் வெளியூர். அக்கவுண்ட்ஸில் பேசுங்கள். அக்கவுண்ட்ஸ் என்ற எண்ணை யாரும் எடுப்பதில்லை. மெயில் அனுப்புங்கள், 45 வேலை நாளில் பதில் வரும். பணம் கட்டும்வரை என்னை "சிஸ்டர்" என்று கூப்பிட்டவர், திருப்பிக் கேட்டதும் "மேடம், கையெழுத்துப் போட்டிருக்கீங்க, படிச்சுப் பாருங்க" என்றார். ரசீதை எடுத்துப் பார்த்தால், 1,85,000 ரூபாயும் "ஆலோசனைக் கட்டணம், திருப்பித் தரப்படாது" என்று இருக்கிறது. எங்கள் எதிரே சீட் கட்டணம் என்றுதான் பேசினார்கள். கல்லூரிக் கட்டணமாக இருந்தால் யுஜிசியின் பணம் திரும்பத் தரும் விதி பாதுகாக்கும். ஆலோசனைக் கட்டணம் என்று எழுதிவிட்டால் நாங்கள் கல்லூரியே இல்லையே என்று கையை விரிக்கிறார்கள். தெரிந்தே எழுதிய ரசீது.

இன்று மதியம் சொன்ன பதில் இது. பணம் வராது, வேண்டுமானால் அதே தொகைக்கு ஹோட்டல் மேனேஜ்மெண்ட் சீட் மாற்றித் தருகிறோம். சான்றிதழ்கள் வேண்டும் என்றால் "எந்தப் பாக்கியும் இல்லை, புகாரும் இல்லை" என்று எழுதிக் கொடுத்துவிட்டு வாங்கிக்கொள்ளுங்கள். தங்கை பக்கத்தில்தான் நின்றாள். அந்த ஆள் அவள் முகத்தைப் பார்க்கவே இல்லை.

காவல் நிலையத்தில் முதலில், பணம் கொடுக்கல் வாங்கல் விவகாரம், பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள் என்றார்கள். விடாமல் உட்கார்ந்து, புகாரை வாங்கிக்கொண்டதற்கான சிஎஸ்ஆர் ரசீது வாங்கியிருக்கிறோம்.

பணத்தைவிடப் பெரிய இழப்பு ஒன்று இருக்கிறது. நாகப்பட்டினத்தைத் தலைமையிடமாகக் கொண்ட மீன்வளப் பல்கலைக்கழகத்தில் நான்கு வருட பி.எஃப்.எஸ்சி (மீன்வள அறிவியல் இளங்கலை) படிப்பு இருக்கிறது. தூத்துக்குடி மீன்வளக் கல்லூரி 1977-லிருந்து நடக்கிறது. நீட் தேவையில்லை, ப்ளஸ் டூ மதிப்பெண்தான். மீனவர் பிள்ளைகளுக்கு ஒதுக்கீடு இருக்கிறது. அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத ஒதுக்கீடு 2021-லிருந்து மீன்வளப் படிப்புக்கும் உண்டு. அதில் இடம் கிடைத்தால் கல்விக் கட்டணமும் விடுதிக் கட்டணமும் அரசே கட்டுகிறது. இரண்டு ஒதுக்கீட்டிலும் என் தங்கை வருவாள். அதைப் பற்றிக் கேட்டபோது, "அது மீன் வளர்க்கிற படிப்பு பாப்பா, நீ சயின்டிஸ்ட் ஆக வேண்டிய பொண்ணு" என்று சொல்லித்தான் விண்ணப்பிக்க விடாமல் தடுத்தார்கள். அந்த விண்ணப்பத் தேதி முடிந்துவிட்டது. 1,85,000 ரூபாயை எப்படியாவது அடைத்துவிடுவோம், இந்த வருடத்தை எங்கே போய்க் கேட்பது?

1947-ல் தொடங்கிய மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் மையம் ஒன்று எங்கள் ஊரிலேயே இருக்கிறது. அங்கே வேலை செய்யும் ஒருவர் நேற்று தங்கையை உட்கார வைத்துப் பொறுமையாக எடுத்துச் சொன்னார். இளங்கலையில் கடல் அறிவியலை நேரடியாகத் தரும் கல்லூரிகள் நம் நாட்டில் குறைவு. விலங்கியலோ தாவரவியலோ வேதியியலோ படித்துவிட்டு, முதுகலைக்குப் பரங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் மையம், கொச்சி, கோவா என்று போகிறவர்கள்தான் அதிகமாம். இடம் குறைவு, ஆசை அதிகம். கன்சல்டன்சிக்காரர்களுக்கு அந்த இடைவெளிதான் வியாபாரம்.

என்னென்ன பார்க்க வேண்டும் என்று விவரமாக எழுதலாம் என்று நினைத்தேன், கை ஓடவில்லை. இவ்வளவு மட்டும் சொல்கிறேன். பட்டம் கொடுக்கப் போகிற பல்கலைக்கழகத்துக்கு நீங்களே போன் போட்டு, படிப்பின் பெயரைச் சொல்லிக் கேளுங்கள். யுஜிசி எந்த கன்சல்டன்சிக்கும் அங்கீகாரம் கொடுப்பதில்லை. அசல் சான்றிதழை யாரிடமும் விட்டுவிட்டு வராதீர்கள். கல்லூரியே அதைப் பிடித்து வைக்கக் கூடாது என்று யுஜிசி 2018-லேயே சொல்லியிருக்கிறது. ரசீதில் என்ன தலைப்பில் பணம் வாங்குகிறார்கள் என்று அங்கேயே நின்று படியுங்கள். ஆன்லைனில் அனுப்பிய பணம் என்றால் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930-க்குப் போன் செய்யுங்கள், தாமதிக்காதீர்கள்.

அந்த வாட்ஸ்அப் குழுவில் இன்னும் பல பிள்ளைகள் இருக்கிறார்கள். உங்கள் வீட்டுப் பிள்ளையின் போனிலும் தினமும் காலையில் வாழ்த்துப் படம் மட்டும் வந்துகொண்டிருந்தால், ரசீதை எடுத்துக்கொண்டு நாளைக்கே உங்கள் காவல் நிலையத்துக்குப் போய் எழுத்தில் புகார் கொடுங்கள். ஒருத்தர் போனால் பேசித் தீர்த்துக்கொள்ளச் சொல்கிறார்கள். பத்துக் குடும்பம் போனால் வழக்குப் போட்டுத்தான் ஆக வேண்டும்.