குலசேகரம் பக்கம் ‘ரன்னிங் ஷோரூம் விற்பனைக்கு’ என்று வந்தால், அட்வான்ஸ் கொடுக்கும் முன் இதைப் படியுங்கள்

போன வாரம் மச்சான் வாட்ஸ்அப்பில் ஒரு விளம்பரம் அனுப்பினார். மலையடிவாரச் சுற்றுலா ஊரில் நன்றாக ஓடும் பைக் ஷோரூம், சர்வீஸ், ஏடிவி (கரடுமுரடான மண்ணில் ஓட்டும் நாலு சக்கர பைக்) ரைடு எல்லாம் சேர்த்து, ஓனர் வெளிநாடு போவதால் அவசர விற்பனை. ஜனவரியில் எனக்கு வந்ததும் வார்த்தை மாறாமல் இதேதான். ஊர் மட்டும் வேறு, அடியில் இருந்த நம்பர் அதே நம்பர். வெளியில் சொல்லக் கூச்சப்பட்டு இத்தனை நாள் அடக்கி வைத்திருந்ததை அதனால்தான் இன்றைக்கு எழுதுகிறேன். ஆள் பெயரும் கம்பெனி பெயரும் போடவில்லை, கேஸ் நடக்கிறது.

நான் மஸ்கட்டில் பதினோரு வருடம் குவாட் பைக், டர்ட் பைக் வொர்க்‌ஷாப்பில் வேலை பார்த்தவன். எஞ்சின் சத்தத்தை வைத்தே எங்கே கோளாறு என்று சொல்லிவிடுவேன். ஊருக்கு வந்து சொந்தமாக ஏதாவது செய்ய வேண்டும் என்ற ஆசையில் இருந்தபோதுதான் இந்தக் கடை கண்ணில் பட்டது. கன்னியாகுமரி மாவட்டத்தில் திற்பரப்பு அருவிக்குப் போகிற வழி, ரோட்டு ஓரம், வாசலில் பெரிய கம்பெனி போர்டு, உள்ளே பதினோரு புது வண்டி வரிசையாக நிற்கிறது, பின்னால் மூன்று ராம்ப் போட்ட சர்வீஸ், பக்கத்துத் தோப்பில் டூரிஸ்டுகளுக்கு நாலு ஏடிவி. அந்த நாலையும் ஸ்டார்ட் செய்து காது கொடுத்துக் கேட்டேன், ஒன்றில் மட்டும் டைமிங் செயின் சத்தம், மற்றதெல்லாம் சுத்தம். "தம்பிக்குத் தொழில் தெரியும், உங்க கையில கொடுத்தா எனக்கு நிம்மதி" என்றார் விற்றவர். அண்ணாச்சி அண்ணாச்சி என்று கூப்பிட்டுக்கொண்டு அவர் வீட்டில் மூன்று தடவை சாப்பிட்டிருக்கிறேன். இரும்பை எல்லாம் பார்த்தேன், காகிதத்தை மட்டும் பார்க்கவில்லை.

மொத்தம் 26 லட்சம். கடையின் பெயருக்கும் வாடிக்கைக்கும் என்று குட்வில் 8, ஸ்பேர்ஸ் 6, ஏடிவி 5, டூல்ஸும் உள் அலங்காரமும் 4, கட்டட டெபாசிட் 3. ஷோரூமில் நின்ற வண்டிகளுக்குத் தனிக் கணக்கு, விற்க விற்கக் கொடுத்தால் போதும் என்றார். பெரிய மனசு என்று நினைத்துக்கொண்டேன்.

அவர் காட்டிய விற்பனை நோட்டில் மாதம் 38, 41, 36 வண்டி என்று இருந்தது. அக்டோபர், நவம்பர், டிசம்பர். இந்த இடத்தை நிதானமாகப் படியுங்கள். 2025 செப்டம்பர் 22ஆம் தேதி 350 சிசி வரையுள்ள பைக்குகளுக்கு ஜிஎஸ்டி 28 சதவீதத்திலிருந்து 18ஆகக் குறைந்தது. ஆகஸ்டு 15இலேயே அறிவிப்பு வந்துவிட்டதால், வாங்க இருந்த சனம் காத்திருந்து அதற்குப் பிறகுதான் மொத்தமாக வாங்கியது, கூடவே தீபாவளியும் கிறிஸ்துமஸும் வந்தது. ஏடிவிக்கோ ஐயப்ப சாமிகள் சீசன். ஆக அவர் காட்டிய மூன்று மாதமும் எந்தக் கடையிலும் வியாபாரம் நடந்திருக்கும் மாதம். நான் ஜனவரி கடைசியில் சாவி வாங்கினேன். பிப்ரவரியில் ரப்பர் இலை உதிர்ந்து பால்வெட்டு நின்றது, நம்ம பக்கம் பால்வெட்டு நின்றால் கையில் காசு நின்றுபோகும் என்பது இந்த மண்ணில் பிறந்த எனக்குத் தெரியாததா? தெரிந்தும் கணக்குப் போடவில்லை. ஏடிவி கதையும் அதுதான். மழை கூடி அணையில் தண்ணீர் திறந்தால் அருவியில் குளிக்கத் தடை, தடை என்றால் தோப்புக்கு ஆள் வராது.

நோட்டும் பொய் என்பது பிறகு தெரிந்தது. நாகர்கோவிலில் ஆடிட்டர் ஜிஎஸ்டி ரிட்டர்னை, அதாவது அவர் வரித்துறைக்குக் கொடுத்த விற்பனைக் கணக்கை, எடுத்துப் பார்த்தபோது 38 என்று எழுதியிருந்த மாதத்துக்கு 17 வண்டிதான் கணக்கில் இருந்தது. புது வண்டியை பில் இல்லாமல் விற்க முடியாது, பில்லும் ஃபார்ம் 21 என்ற விற்பனைச் சான்றும் இல்லாமல் ஆர்டிஓவில் பதிவாகாது. அதனால் கடைக்காரர் நோட்டில் என்ன வேண்டுமானாலும் எழுதலாம், ரிட்டர்ன் வேறு கதை சொல்லும். பன்னிரண்டு மாத ரிட்டர்னைக் கேட்டிருந்தால் ஒரு மணி நேரத்தில் முடிந்திருக்கும்.

அடுத்தது போர்டு. அந்தக் கம்பெனிக்கும் இந்தக் கடைக்கும் நேரடியாக எந்த ஒப்பந்தமும் இல்லை. மெயின் டீலரிடம் வண்டி எடுத்து விற்கும் சப் டீலர், அவ்வளவுதான். கையில் இருந்தது மெயின் டீலர் லெட்டர்ஹெட்டில் ஒரு பக்கக் கடிதம், முப்பது நாள் அறிவிப்பில் நிறுத்திக்கொள்ளலாம் என்று அதிலேயே எழுதியிருக்கிறது. அதுவும் அவர் பெயருக்கு, என் பெயருக்கு மாற்ற அதில் வழியே இல்லை. டிரேட் சர்டிபிகேட்டும் அப்படித்தான். பதிவாகாத வண்டியைக் கடையில் வைத்து விற்க, ரோட்டில் ஓட்டிக் காட்ட, 1989ஆம் வருட மத்திய மோட்டார் வாகன விதிகளின்படி ஃபார்ம் 17இல் அந்தச் சர்டிபிகேட் வேண்டும், அதை ஒருவர் இன்னொருவருக்குக் கைமாற்ற முடியாது, புதிதாக விண்ணப்பிக்க வேண்டும். விண்ணப்பிக்க டீலர் என்ற அத்தாட்சி வேண்டும், அது என்னிடம் இல்லை. எட்டு லட்சம் குட்வில் எதற்குக் கொடுத்தேன் என்று என் மனைவி கேட்டாள். அவள் நகையை அடகு வைத்துத்தான் அதில் பாதி கொடுத்தது. என்னால் பதில் சொல்ல முடியவில்லை.

மார்ச் மாதம் ஒரு வியாழக்கிழமை காலை, கடை திறந்து தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தேன், ஒரு லாரி வந்து நின்றது. இரண்டு பேர் இறங்கிக் கையில் ஒரு தாளை வைத்துக்கொண்டு சேஸிஸ் நம்பரைச் சரிபார்த்தார்கள். பதினோரு வண்டியும் ஒரு ஃபைனான்ஸ் கடனில் எடுத்தது, விற்ற வண்டிக்குப் பணம் கட்ட வேண்டும் என்பது நிபந்தனை, அவர் நாலு மாதமாகக் கட்டவே இல்லை. மரியாதையாகத்தான் பேசினார்கள், குறை சொல்ல முடியாது. ஒவ்வொரு வண்டியாக ஏற்றினார்கள். கடைசி ஸ்கூட்டரை ஏற்றும்போது அதன் கண்ணாடியில் நான் காலையில் போட்ட மாலை தொங்கிக்கொண்டிருந்தது, அந்தப் பையன் அதைக் கழற்றி என் கையில் கொடுத்துவிட்டுப் போனான்.

ஸ்பேர்ஸ் ஆறு லட்சம் என்றேனே, அதையும் சொல்லிவிடுகிறேன். மேல் வரிசை டப்பாக்களைத்தான் எனக்குத் திறந்து காட்டினார், பிரேக் ஷூ, ஏர் ஃபில்டர், செயின் செட், எல்லாம் புதுசு. கீழ் வரிசையை ஏப்ரலில்தான் இழுத்துப் பார்த்தேன். துருப்பிடித்த கிளட்ச் கேபிள், விரலில் அழுத்தினால் பொடியும் ஆயில் சீல், பத்துப் பதினைந்து வெறும் அட்டைப்பெட்டி. 2020 ஏப்ரல் முதல் பிஎஸ் 6 என்ற புகை விதிக்கு ஏற்ற புது வண்டி மட்டும்தான் பதிவாகிறது, இங்கே மூன்று டப்பா நிறைய அதற்கு முந்தைய, நின்றுபோன ஸ்கூட்டர் மாடலுக்கான கார்புரேட்டர் கிட். விற்கக் கூடியது ஒன்றரை லட்சத்துக்குக்கூடத் தேறவில்லை.

இதெல்லாம் என் பணம், போகட்டும். பேச்சிப்பாறை பக்கமிருந்து பால் வெட்டும் ஒருவர் வந்தார், அதை நினைத்தால் இன்றைக்கும் தூக்கம் வராது. காலை வெட்டு முடித்து நேராக வந்திருந்தார், விரல் இடுக்கில் பால் காய்ந்து ஒட்டியிருந்தது. சட்டைப்பையிலிருந்து பிளாஸ்டிக் கவரில் சுற்றிய ரசீதை எடுத்து நீட்டினார். 15,000 ரூபாய் புக்கிங் அட்வான்ஸ், பழைய ஓனர் கையெழுத்து, டிசம்பர் தேதி. "பிள்ளைக்கு காலேஜுக்குப் போவ ஒரு வண்டி, எப்ப வரும் சார்?" என்று கேட்டார். நான் புது ஆள், எனக்குத் தெரியாது என்று சொல்ல வாய் வரவில்லை. அதே மாதிரி ரசீது மொத்தம் ஒன்பது வந்தது. ஒரு வருட சர்வீஸ் பேக்கேஜ் என்று முன்பணம் வாங்கிய கூப்பன்கள் வேறு. பணம் அவர் கையில், கடை என் கையில், ஜனம் கடையைத்தானே தேடி வரும்.

மே மாதம் வரி நோட்டீஸ். அவர் காலத்து ஜிஎஸ்டி பாக்கி எனக்கு எப்படி வரும் என்று ஆடிட்டரிடம் சண்டையே போட்டேன். வரும். ஜிஎஸ்டி சட்டத்தின் 85ஆவது பிரிவில் இருக்கிறது, தொழிலை அப்படியே கைமாற்றினால், மாற்றிய தேதி வரைக்குமான வரி, வட்டி, அபராதத்துக்கு விற்றவரும் வாங்கியவரும் சேர்ந்தும் தனித்தனியாகவும் பொறுப்பு. நான் புது ஜிஎஸ்டி நம்பர் எடுத்ததால் தப்பித்தேன் என்று நினைத்தது தவறு. பத்திரத்தில் "பழைய பாக்கி எல்லாம் விற்பவர் பொறுப்பு" என்று எழுதியிருந்தாலும் அதை வைத்து அவரிடம்தான் கேட்க முடியும், துறையிடம் காட்ட முடியாது.

ஏடிவி நாலும் ரோட்டில் ஓட்டப் பதிவில்லாதவை, தோப்புக்குள் மட்டும்தான். டூரிஸ்டுகளை ரோடு தாண்டி அணைக்கரை வரைக்கும் அனுப்பித்தான் அவர் அவ்வளவு சம்பாதித்தார் என்பது பிறகு புரிந்தது. ஒரு விபத்து நடந்தால் இன்சூரன்ஸும் நிற்காது. நான் அதை நிறுத்திவிட்டேன்.

கடையில் எட்டு வருடமாக இருக்கும் மெக்கானிக் அண்ணன் ஒருவர் என்னோடுதான் இப்போதும் இருக்கிறார். "நீங்க ஒரு வார்த்தை கேட்டிருந்தா சொல்லியிருப்பேன், முதலாளி பக்கத்துல நிக்கும்போது நான் எப்பிடிச் சொல்லுவேன்?" என்றார். உண்மைதான். மூன்று தடவை போயும் அவரைத் தனியாக வெளியே ஒரு டீக்குக் கூப்பிடவில்லை.

வாங்கியே ஆக வேண்டும் என்று இருப்பவர்கள், விற்பவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் சரி, மெயின் டீலரிடம் நீங்களே நேரில் போய் என் பெயருக்குக் கொடுப்பீர்களா என்று எழுத்தில் வாங்குங்கள். கட்டட உரிமையாளரிடமும் அப்படியே, எனக்கு லீஸ் ஏழு மாதம்தான் மிச்சம் இருந்தது. ஸ்டாக் வண்டி யார் கடனில் நிற்கிறது என்று ஃபைனான்ஸ்காரரிடம் பாக்கி இல்லை என்ற நோ டியூஸ் கடிதம் கேளுங்கள். விலையில் மூன்றில் ஒரு பங்கையாவது ஒரு வருடம் நிறுத்தி வையுங்கள். அதற்குச் சம்மதிக்காமல் "நாளைக்கே வேறு பார்ட்டி வருது தம்பி" என்று சொன்னால், அந்த வேறு பார்ட்டிக்கே போகட்டும் என்று விட்டுவிடுங்கள். என்னிடமும் அதைத்தான் சொன்னார், அன்றைக்கு ராத்திரியே பத்து லட்சம் போட்டேன்.

இப்போது போர்டை இறக்கிவிட்டு எல்லாக் கம்பெனி வண்டிக்கும் சர்வீஸ் மட்டும் செய்கிறேன். ஒன்பது ரசீதில் ஆறுக்குப் பணம் திருப்பிக் கொடுத்தாகிவிட்டது, பால் வெட்டுகிறவருக்குத்தான் முதலில் கொடுத்தேன். இந்த விளம்பரத்தைப் பார்த்து யாராவது பேச்சு நடத்திக்கொண்டிருந்தால், பணம் கைமாறும் முன்னால் ஒரு நடை இங்கே வாருங்கள். பத்திரம், ரசீது, நோட்டீஸ், அந்த ஒரு பக்கக் கடிதம் எல்லாம் ஒரு ஃபைலில் வைத்திருக்கிறேன், காட்டுகிறேன். ஞாயிற்றுக்கிழமை தவிர காலை ஒன்பதரைக்கு மேல் கடையில்தான் இருப்பேன்.