சீட்டஸ் ப்ரோவா, டைனிஹாக் 2-ஆ: ஒரு டிவி மெக்கானிக்கின் தீர்ப்பு

பாளையங்கோட்டையில் டிவி, செட்டாப் பாக்ஸ் ரிப்பேர் கடை வைத்திருக்கிறேன். கடைக்கு வரும் பையன்களில் சிலருக்கு நான் ட்ரோன் பறக்கவிடுவது தெரியும். அவர்கள் கேட்பது ஒரே கேள்விதான். கண்ணாடி மாட்டிக்கொண்டு ட்ரோனின் கண்ணாலேயே பார்த்து ஓட்டுகிற எஃப்.பி.வி. பழக, பீட்டா எஃப்.பி.வி.யின் சீட்டஸ் ப்ரோ வாங்கலாமா, எமாக்ஸின் டைனிஹாக் 2 வாங்கலாமா? இரண்டுமே இப்போது என்னிடம் இருக்கின்றன. ஒன்று இங்கே படிப்பை முடித்து ஊருக்குப் போன ஒரு இன்ஜினியரிங் மாணவரிடம் வாங்கியது, மற்றது நாகர்கோவிலில் கல்யாண வீடியோ எடுக்கும் ஒரு நண்பரிடம். பதினொன்றாம் வகுப்பு படிக்கும் அக்கா மகனும் நானும் மாற்றி மாற்றி ஓட்டிப் பார்த்ததை வைத்துத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் ஒரு விஷயம். 2022 பிப்ரவரி 9 முதல் வெளிநாட்டு ட்ரோன்களை நம் நாட்டுக்குள் இறக்குமதி செய்யத் தடை இருக்கிறது. முழுதாக வந்தாலும், பாகம் பாகமாகப் பிரித்து ஒரே கிட்டாக வந்தாலும் தடைதான். ராணுவம், ஆராய்ச்சி போன்றவற்றுக்கு மட்டும் விலக்கு. உதிரிபாகங்களுக்குத் தடை இல்லை. ஆகவே துபாயில் இருக்கிற மச்சானிடம் சொல்லிப் பெட்டியில் போட்டுக் கொண்டுவரலாம் என்று யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள். சுங்கத்தில் பிடித்துக்கொண்டால் பணமும் போய், அவருக்கும் அலைச்சல். தடைக்கு முன்பு வந்து கைமாறுகிற பழைய கிட் ஒரு வழி, பாகங்களாக வாங்கி நாமே பூட்டுவது இன்னொரு வழி. “தடை இருக்கிறது, உதிரிபாகம் கிடைக்கிறது” என்ற இந்த நிலைதான் கடைசியில் என் முடிவைத் தீர்மானித்தது.

பெட்டிக்குள் இருப்பதைப் பார்த்தால் இரண்டும் உடன்பிறப்புகள். உள்ளங்கையில் அடங்குகிற ட்ரோன், ரிமோட், கண்ணாடி, பேட்டரி, சார்ஜர். நான்கு இறக்கைகளைச் சுற்றியும் பிளாஸ்டிக் வளையம் இருப்பதால் சுவரில் முட்டினாலும் பெரிய சேதம் வராது. இந்த ரகத்தை வூப் என்பார்கள். பேட்டரியோடு சேர்த்து இரண்டுமே ஐம்பது கிராமுக்குள்தான். இரண்டிலும் பிரஷ்லெஸ் மோட்டார். வாங்கும்போது ஒன்றைக் கவனியுங்கள்: ‘ப்ரோ’ இல்லாத வெறும் சீட்டஸும் கைமாறுகிறது. அதில் இருப்பது பிரஷ் மோட்டார், சீக்கிரம் தேயும். விலை குறைவாக இருந்தாலும் அது வேண்டாம்.

ஓட்டிப் பார்த்த இடம் கல்லிடைக்குறிச்சியில் எங்கள் பழைய வீடு. வாசலில் நின்று பார்த்தால் தார்சா (முன்கட்டு), பட்டாசல் (கூடம்), அடுக்களை, புறவாசல் என்று வாசல் நிலைகள் ஒரே நேர்கோட்டில் தெரியும். வூப் ஓட்ட இதைவிட நல்ல இடம் கிடைக்காது. ஒவ்வொரு நிலையையும் தாண்டும்போது கண்ணாடிக்குள் சட்டம் இரண்டு பக்கமும் விரிந்து பின்னால் போகிறது. அடுக்களை இருட்டைத் தாண்டிப் புறவாசல் வெயிலில் விழுந்ததும் படம் ஒரு கணம் வெளுத்து, துவைகல்லும் முருங்கை மரமும் மெல்லத் தெளிகின்றன. அந்தக் கணத்துக்காகவே இந்தக் கலையைப் பழகலாம்.

சீட்டஸ் ப்ரோவின் பெரிய பலம், தானே உயரம் பிடித்து நிற்பது. அடிப்பாகத்தில் தரையைப் பார்க்கும் சின்ன கேமரா சென்சார், உயரம் அளக்கும் லேசர், காற்றழுத்த மானி மூன்றும் இருக்கின்றன. நார்மல் மோடில், ஏற்றி இறக்கும் த்ராட்டில் ஸ்டிக்கை நடுவில் விட்டால் அந்தரத்தில் அப்படியே நிற்கும். முதல்முறை கண்ணாடி மாட்டுகிறவருக்குத் தலை சுற்றும்போது, ஸ்டிக்கை விட்டுவிட்டு நிதானமாக மூச்சுவிட முடிகிறது. பயம் போக இதைவிட நல்ல வழி இல்லை.

ஆனால் அந்தச் சென்சார் தரையில் ஏதாவது புள்ளியோ கோடோ தெரிந்தால்தான் வேலை செய்யும். எந்த நிறுவனம் செய்தாலும் இந்தத் தொழில்நுட்பத்தின் இயல்பு இது. எங்கள் பட்டாசலில் காவித் தரை. வருஷக்கணக்காகத் துடைத்துத் துடைத்து மழமழவென்று ஒரே நிறமாகக் கிடக்கிறது. அதன் மேல் ட்ரோன் மெதுவாகச் சுவரை நோக்கி வழுக்கிக்கொண்டே போகும். ஒரு பத்தமடைப் பாயைக் கொண்டுவந்து விரித்தேன். பாயின் பட்டைக் கோடுகளுக்கு மேலே வந்ததும் பிடித்து நிறுத்தியதுபோல நின்றுவிட்டது. பாயைத் தாண்டினால் மறுபடியும் வழுக்கல். மங்கிய வெளிச்சம், ஓடும் தண்ணீர், காற்றில் ஆடும் நெல்வயல் எல்லாமே அதற்குக் குழப்பம்தான். தாமிரபரணிக்கு மேலே அந்த வசதியை நம்பி நிறுத்த நினைக்காதீர்கள்.

டைனிஹாக் 2-இல் உயரம் பிடிக்கும் வேலை எதுவும் கிடையாது. ஆங்கிள் மோடில் ஸ்டிக்கை விட்டால் சாய்வை மட்டும் நேராக்கிக்கொள்ளும். ஏறுவதும் இறங்குவதும் முழுக்க நம் இடது கட்டைவிரலில். அதுவும் நிலையான இடம் இல்லை. பேட்டரி புதிதாக இருக்கும்போது ஸ்டிக் ஓரிடத்தில் இருந்தால் நிற்கும், பேட்டரி இறங்க இறங்க அந்த இடம் மேலே நகர்ந்துகொண்டே போகும். விரல் அதைப் பின்தொடர வேண்டும். எஃப்.பி.வி. பழகுவது என்பதே பெரும்பாலும் இந்த விரல் பழகுவதுதான்.

மருமகனுக்கு முதலில் சீட்டஸ்தான் பிடித்தது.

“மாமா, கையை விட்டாலும் அது பாட்டுக்கு நிக்கு பாருங்க.”

“ஏல, நின்னா போதுமா? ஓட்டணும்லா.”

அவனைச் சீட்டஸிலேயே ஸ்போர்ட் மோடுக்கு மாற்றச் சொன்னேன். அதில் உயரம் பிடிப்பது போய்விடும், த்ராட்டில் நம் கைக்கு வரும். மேனுவல் மோடில் சாய்வை நேராக்குவதும் போய், பல்டி அடிக்கலாம். ஆக, சீட்டஸ் ப்ரோவிலும் நிஜமாகப் பழக முடியும். ஆனால் நார்மல் மோட் கையருகிலேயே இருக்கும்போது பலர் அதிலேயே தங்கிவிடுகிறார்கள் என்பதைக் கடைக்கு வரும் பையன்களிடம் பார்க்கிறேன். டைனிஹாக்கில் தங்க இடமே இல்லை. தொடக்கம் கடினம், ஆனால் அங்கே பழகிய கை எந்த ட்ரோனிலும் வேலை செய்யும்.

படத்தைப் பற்றிச் சொல்ல எனக்கு உரிமை உண்டு, என் தொழிலே அதுதானே. இரண்டிலும் வருவது 5.8 கிகாஹெர்ட்ஸ் அனலாக் படம். போன் வீடியோ பார்த்துப் பழகிய கண்ணுக்கு, ஆன்டெனா திரும்பிப்போன பழைய தூர்தர்ஷன் மாதிரி இருக்கும். அதற்காக மோசம் என்று தள்ளாதீர்கள். டிஜிட்டலில் சிக்னல் குறைந்தால் படம் உறைந்து நின்றுவிடக்கூடும். அனலாக்கில் புள்ளிகள் கூடிக்கொண்டே வரும், “திரும்பு, தூரம் போய்விட்டாய்” என்று முன்கூட்டியே தெரிந்துவிடும். தாமதமும் மிகக் குறைவு. பழகுகிறவருக்கு இது பெரிய பாதுகாப்பு. டைனிஹாக் 2-இல் படம் அனுப்பும் சக்தியை 25, 100, 200 மில்லிவாட் என்று மாற்றிக்கொள்ளலாம். கல்சுவர் வீட்டில் இரண்டு அறை தள்ளி நின்று ஓட்டும்போது இது கைகொடுக்கிறது. வீட்டுக்குள் 25 போதும் என்றால் அதிலேயே வையுங்கள், சூடும் குறையும். கண்ணாடி இரண்டிலும் டப்பா வகை. சீட்டஸ் கிட்டில் வரும் கண்ணாடியில் பதிவு செய்யும் வசதி இல்லை. பறந்ததை மறுபடி பார்க்க ஆசையிருந்தால் அது ஒரு குறை.

இனி ரிப்பேர். என்னைப் பொறுத்தவரை இதுதான் முக்கியம்.

டைனிஹாக் 2-க்குள் ஓடுவது பீட்டாஃபிளைட். உலகம் முழுக்க ஆட்கள் சேர்ந்து எழுதும் இலவச மென்பொருள் அது. பீட்டா எஃப்.பி.வி. என்ற நிறுவனத்துக்கும் இதற்கும் பெயர் ஒற்றுமை மட்டும்தான். யூ.எஸ்.பி. கேபிளில் கம்ப்யூட்டரோடு இணைத்து, இறக்கைகளைக் கழற்றிவிட்டுப் பேட்டரியையும் மாட்டினால் ஒவ்வொரு மோட்டாரையும் தனித்தனியாகச் சுழற்றிப் பார்க்கலாம், ரிமோட் சிக்னல் வருகிறதா, சாய்வை உணரும் ஜைரோ சரியாக இருக்கிறதா எல்லாம் திரையில் தெரியும். பழுது பார்க்கிறவனுக்கு இது போதும். ட்ரோனின் மூளையான போர்டே போய்விட்டால் வேறு நிறுவனத்தின் பீட்டாஃபிளைட் வூப் போர்டை வாங்கிப் பொருத்திக்கொள்ளலாம். உதிரிபாகத்துக்குத் தடை இல்லை அல்லவா? அப்படி மாற்றும்போது இன்னொரு நன்மையும் உண்டு. இந்த இரண்டு கிட்டும் ஃபிரஸ்கை டி8 என்ற பழைய ரேடியோ முறையில் வேலை செய்பவை. இன்று பலரும் எக்ஸ்பிரஸ் எல்.ஆர்.எஸ். என்ற புதிய ரேடியோ முறையின் பக்கம் போய்விட்டார்கள். புதிய போர்டு போடும்போதே அந்த ரிசீவரோடு வாங்கினால் அடுத்து வாங்குகிற பெரிய ட்ரோனுக்கும் ஒரே ரிமோட் போதும்.

சீட்டஸ் ப்ரோவில் ஓடுவது அந்த நிறுவனத்தின் சொந்த மென்பொருள். மோட்டாரும் இறக்கையும் ஃபிரேமும் மாற்றுவது எளிது. ஆனால் உயரம் பிடிக்கும் வித்தை எல்லாம் அந்தப் போர்டோடும் சென்சாரோடும் கட்டிப்போட்டது. போர்டு போனால் அதே போர்டுதான் வேண்டும். அது கிடைக்காத நாளில் அதன் தனிச்சிறப்பும் போய்விடும்.

வீட்டுக்குள் ஓட்டுகிறவர்களுக்கு ஒரு சின்ன விஷயம். சுழற்சி மந்தமாகிறது, ஒரு பக்கம் இழுக்கிறது என்றால் உடனே மோட்டாரை மாற்றாதீர்கள். இறக்கையைக் கழற்றி மோட்டார் தண்டைப் பாருங்கள். தலைமுடியோ தேங்காய் நாரோ இறுக்கிச் சுற்றியிருக்கும். நுனி கூரான ட்வீசரால் மெல்ல எடுத்துவிட்டால் புதுசு மாதிரி சுற்றும்.

பேட்டரியில் மட்டும் சீட்டஸ் பக்கம் ஒரு மதிப்பெண் கூடுதல். இரண்டிலும் 450 எம்.ஏ.ஹெச்., ஒரு செல், முழுச் சார்ஜில் 4.35 வோல்ட். ஆனால் சீட்டஸில் இருக்கும் பி.டி. 2.0 கனெக்டரில் மின்தடை குறைவு, த்ராட்டிலைச் சட்டென்று ஏற்றும்போது வோல்டேஜ் அவ்வளவாக விழாது. டைனிஹாக்கில் இருப்பது பி.ஹெச். 2.0. விரும்பினால் சால்டரிங் வைத்து மாற்றிக்கொள்ளலாம், ஐந்து நிமிட வேலை. எதுவானாலும் ஒரு பேட்டரிக்கு நான்கு நிமிடம் சொச்சம்தான் பறக்கும், எனவே நாலைந்து பேட்டரியாவது வேண்டும். பழைய கிட்டோடு வரும் பேட்டரிகளில் உப்பியதைத் தொடவே வேண்டாம். பங்குனி, சித்திரை வெயிலில் பைக் பெட்டிக்குள் வைத்துவிட்டுப் போகவும் கூடாது. ஓட்டாத நாட்களில் 3.8 வோல்ட் அளவில் வையுங்கள்.

வெளியே ஓட்டுவது பற்றி. ஆனி, ஆடியில் செங்கோட்டைக் கணவாய் வழியாகவும் ஆரல்வாய்மொழி வழியாகவும் வரும் காற்று இந்த ஐம்பது கிராமைத் தூக்கிக்கொண்டு போய்விடும். அந்த மாதங்களில் தட்டட்டியில் (மொட்டை மாடியில்) ஏறிப் பறக்கவிடுவதே வேண்டாம். மாசி, பங்குனிக் காலைகள் அருமை. ஆறு மணிக்குக் களத்தில் போய் நின்றால் ஒரு இலை அசையாது.

250 கிராமுக்குள் இருப்பதால் இவை 2021 ட்ரோன் விதிகளில் நானோ வகை. ஓட்டுநர் உரிமம் தேவையில்லை. அதற்காக எங்கும் பறக்கலாம் என்று அர்த்தமில்லை. சிவப்பு மண்டலத்தில் மத்திய அரசின் அனுமதியில்லாமல் எதையும் பறக்கவிடக்கூடாது. நம் மாவட்டத்தில் கூடங்குளம் அணுமின் நிலையம், மகேந்திரகிரி இஸ்ரோ மையம், விஜயநாராயணம் கடற்படைத் தளம் மூன்றும் இருக்கின்றன. அந்தப் பக்கங்களில் பெட்டியைத் திறக்கவே வேண்டாம். வாகைக்குளம் விமான நிலையத்துக்கு அருகில் இருப்பவர்கள் அரசின் ட்ரோன் வரைபடத்தைப் பார்த்துவிட்டுத்தான் கிளம்ப வேண்டும். களக்காடு முண்டந்துறைக் காட்டுக்குள்ளும், கூந்தன்குளத்தில் பறவைகள் கூடு கட்டியிருக்கும் இடத்திலும் எவ்வளவு ஆசையிருந்தாலும் கூடாது. கண்ணாடி மாட்டியபின் சுற்றி நடப்பது நமக்குத் தெரியாது, எனவே ட்ரோனை வெறும் கண்ணால் பார்த்துக்கொண்டிருக்க ஒரு ஆள் பக்கத்தில் வேண்டும்.

என் தீர்ப்பு டைனிஹாக் 2. த்ராட்டிலுக்கு விரலைப் பழக்குவதும், உடைந்தால் நாமே சரிசெய்ய முடிவதும்தான் காரணம். சால்டரிங் கம்பியைத் தொட்டதே இல்லை, தொடவும் போவதில்லை, வீட்டுக்குள் பிள்ளைகளோடு அந்தப் பறக்கும் அனுபவத்தைப் பார்த்தால் போதும் என்பவர்கள் சீட்டஸ் ப்ரோவைத் தயங்காமல் வாங்கலாம், சந்தோஷமாக இருப்பீர்கள்.

எதை வாங்குவதானாலும் முதலில் ரிமோட்டை வைத்துக் கம்ப்யூட்டரில் பழகுங்கள். சீட்டஸோடு வரும் லைட்ரேடியோ 2 எஸ்.இ. ரிமோட்டைக் கேபிளில் கம்ப்யூட்டரோடு இணைத்து லிஃப்ட்ஆஃப், வெலோசிட்ரோன் போன்ற ட்ரோன் சிமுலேட்டர்களில் பழகலாம். அதற்கு எக்ஸ்பிரஸ் எல்.ஆர்.எஸ். ரிமோட் தனியாக வாங்கினாலும் சரி, ஆனால் போர்டை மாற்றாதவரை அது இந்த டி8 கிட்டுகளை ஓட்டாது. அப்புறம் பழைய கிட் பார்க்கப் போகும்போது, விற்கிறவரை உங்கள் முன்னாலேயே ஒரு முழு பேட்டரி ஓட்டிக்காட்டச் சொல்லுங்கள். தரையிறங்கியதும் நான்கு மோட்டாரையும் விரலால் தொட்டுப் பாருங்கள். மூன்று இளஞ்சூடாக இருந்து ஒன்று மட்டும் கொதித்தால், அந்த மோட்டாரின் விலையைக் கழித்துக்கொண்டு பேசுங்கள்.