ஹட்டன் லேத் பட்டறையில் கடைந்து வாங்கிய பேனா புஷ்கள்

அம்மா கொழுந்து பறித்த மலையில் பழைய தேயிலையைப் பிடுங்கி வீ.பி. (துண்டு வெட்டி முளைக்க வைத்த புதுத் தேயிலைக் கன்று) நட்டபோது, விறகுக்கென்று லயத்துக்கு, அதாவது எங்கள் தோட்ட வரிசை வீட்டுக்கு, வந்த தூர்களில் நாலைந்தை நான் எடுத்து ஒதுக்கி வைத்தேன். மூன்று வருடம் அடுப்புக்கு மேலே பரணில் கிடந்து காய்ந்தன. தேயிலைத் தண்டு காய்ந்தால் எலும்பு மாதிரி இறுகிவிடும். கடைந்து பார்த்தால் உள்ளே கணுக்கள் அவ்வளவு அழகு. அதில் பேனா செய்ய வேண்டும் என்றுதான் சின்னதாக ஒரு மர லேத், மரத்தைச் சுழலவிட்டுக் கடையும் மெஷின், வாங்கினேன். பேனாவின் உலோக உதிரிகள் ஸ்லிம்லைன் என்ற ஒல்லிப் பேனா வகையின் கிட்டாக (உதிரித் தொகுப்பாக) வெளிநாட்டிலிருந்து வந்தன.

செய்யும் முறை பெரிய வித்தை இல்லை. மரக்கட்டையில் 7 மில்லிமீட்டர் துளை போட்டு, பித்தளைக் குழாயை உள்ளே ஒட்ட வேண்டும். குழாயோடு சேர்த்து மரத்தை வெளியே கடைந்து மெருகேற்றிய பிறகு முனை, நடு வளையம், கிளிப் எல்லாவற்றையும் அழுத்திப் பொருத்த வேண்டும். கஷ்டம் முழுவதும் கடைசி இடத்தில்தான். மரம் முடிந்து உலோகம் தொடங்கும் விளிம்பில் நகத்தை இழுத்துப் பார்த்தால் தட்டக்கூடாது.

எவ்வளவு வரை கடைவது என்று காட்டத்தான் புஷ். மரத்தின் இரண்டு பக்கமும் மாட்டும் சின்ன இரும்பு வளையம் அது. மரம் அதன் மட்டத்துக்கு இறங்கினால் நிறுத்திவிடலாம் என்பது கணக்கு. நானும் அதை நம்பித்தான் ஆறு பேனா செய்தேன். முதல் இரண்டு நன்றாக வந்தன. அப்புறம் ஒவ்வொன்றிலும் முனைப் பக்கம் மரம் தாழ்ந்து, உலோகம் துருத்திக்கொண்டு நின்றது.

ஒரு நாள் வேர்னியரை, நுண்ணிய அளவு காட்டும் கருவியை, எடுத்து அளந்தேன். கிட்டில் உள்ள முனை 8.28 மில்லிமீட்டர். புஷ் 8.05. ஒவ்வொரு பேனாவுக்கும் சாண்ட் பேப்பர் போடும்போது மரத்தோடு புஷ்ஷும் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்ந்திருக்கிறது. பக்கத்துக்கு 0.1 மில்லிமீட்டருக்குச் சற்று மேல் பள்ளம். கண்ணுக்குத் தெரியாது, நகத்துக்கு நன்றாகத் தெரியும்.

இரண்டாவது குறை மாண்ட்ரலில். அது இரண்டு குழாய்களையும் புஷ்களையும் கோத்துப் பிடிக்கும் நீளக் கம்பி. நுனியில் உள்ள நட்டைக் கொஞ்சம் கூட இறுக்கினாலும் கம்பி நடுவில் வளைந்துவிடும். மரம் மையம் தவறி உருளும். சுற்றிலும் ஒரே அளவாகப் படி விழுந்தால் தவறு அளவில். ஒரு பக்கம் சரியாக இருந்து எதிர்ப்பக்கம் தட்டினால் தவறு மையத்தில். என் பேனாக்களில் இரண்டும் இருந்தன.

ஹட்டன் டவுனில் ஒரு லேத் பட்டறை இருக்கிறது. தேயிலை பெக்டரி ரோலர்களுக்கும் லொறிகளுக்கும் சாமான் கடைகிற இடம். முனை, கிளிப், நடு வளையம், வெறும் பித்தளைக் குழாய் ஒன்று, எல்லாவற்றையும் ஒரு டப்பாவில் போட்டுக்கொண்டு போனேன். மாண்ட்ரல் வேண்டாம், லேத்தின் இரண்டு சென்டர்களுக்கு (இரு முனையிலும் உள்ள கூர்களுக்கு) நடுவிலேயே நேராகப் பிடிக்கிற புஷ் வேண்டும் என்று தாளில் வரைந்து காட்டினேன். ஒரு பக்கம் குழாய்க்குள் இறுக்கமாக நுழையும் கழுத்து, நடுவில் முனையின் அளவில் ஒரு தோள், மறுபக்கம் சென்டர் உட்காரும் 60 பாகைக் குழி.

சிரிப்பார்கள் என்று நினைத்தேன். பட்டறை அண்ணன் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அந்தக் குட்டி முனையைத் தானே மூன்று இடத்தில் அளந்தார். "தம்பி, உங்களுக்கு எத்தனை பொயின்ட் கூடக் குறைய இருக்கலாம்?" என்று கேட்டார். அந்தக் கேள்வியிலேயே எனக்கு மனம் நிறைந்துவிட்டது.

முதல் தடவை வந்தவை சரியில்லை. வேலை செய்த பையன் ஒரு பக்கம் கடைந்து, கழற்றித் திருப்பிப் பிடித்து, மறுபக்கம் கடைந்திருக்கிறான். தோளுக்கும் குழிக்கும் மையம் விலகிவிட்டது. மாட்டிச் சுற்றினால் கண்ணுக்கே ஆட்டம் தெரிந்தது. திருப்பிக் கொண்டுபோனேன். அண்ணன் ஒரு வார்த்தையும் பேசாமல் சக்கில் (லேத்தின் பிடிப்பானில்) போட்டுச் சுற்றிப் பார்த்துவிட்டு, "இதை ஒரே பிடியில் அடிக்கணும்" என்றார். முன்னால் நின்று பார்த்தேன். தோளையும் குழியையும் கம்பியைக் கழற்றாமலே கடைந்தார். பிறகு மறுபக்கத்துக் கழுத்துக்காகத் திருப்பியபோது, ஆட்டத்தை அளக்கும் டயல் வைத்து முள் ஆடாமல் நிற்கும் வரை தட்டித் தட்டிச் சரி பார்த்த பிறகுதான் உளியைத் தொட்டார். அதற்குத் தனியாகக் காசு வாங்கவில்லை. நாலு புஷ்ஷுக்கு நான் கொடுத்தது 3,500 ரூபாய்.

இப்போது அவற்றில் பதினோரு பேனா செய்தாகிவிட்டது. ஒன்றில்கூட ஒரு பக்கப் படி விழவில்லை. ஆனால் இந்த புஷ்ஷையும் நான் முழுக்க நம்புவதில்லை. கடைசி அரை மில்லிமீட்டரில் லேத்தை நிறுத்தி, புஷ்ஷைக் கழற்றி, வேர்னியரில் மரத்தை அளக்கிறேன். அளவு முனையினுடையது, புஷ்ஷினுடையது அல்ல. சுப்பர் குளூவில் மெருகு போடுவதென்றால் அந்தப் பூச்சுக்கும் தடிப்பு உண்டு. அதனால் மரத்தை ஒரு மயிரிழை தாழ்த்திவிட்டு, பூச்சினால் மட்டத்துக்கு ஏற்றுகிறேன்.

பூச்சு போடும்போது இரும்பு புஷ்ஷை மாட்டக்கூடாது. பசை இரண்டையும் சேர்த்துப் பிடித்துக்கொள்ளும். பிரிக்கும்போது விளிம்பு பெயர்ந்து வரும். ஒரு நல்ல பேனாவை அப்படித்தான் இழந்தேன். அதற்காக அதே பட்டறையில் டெஃப்லான் தடியில் இரண்டு கூம்பு கடைந்து வாங்கினேன். பசை அதில் ஒட்டுவதில்லை. இரும்பு புஷ்ஷை விட எனக்கு அதிகம் உதவுவது இந்தக் கூம்புகள் என்றே சொல்வேன்.

மரத்தின் நுனி குழாய்க்குச் செங்குத்தாக வெட்டுப்படாவிட்டால் எந்த புஷ்ஷும் உதவாது. அதற்கு ட்ரிம்மர், நுனியைச் சீவி மட்டமாக்கும் கருவி, வேண்டும். அதன் தண்டு குழாய்க்குள் ஆடாமல் போக வேண்டும், குழாய்க்குள் பசை கசிந்து காய்ந்திருந்தால் போகாது. நான் ஒட்டுவதற்கு முன் குழாயின் வாயை வெலிமடை உருளைக்கிழங்குத் துண்டில் குத்தி எடுக்கிறேன். கிழங்கு அடைப்பாக நிற்கும், பிறகு குச்சியால் தள்ளினால் வந்துவிடும்.

குறை சொல்வதென்றால், ஒரு வாரம் என்றார்கள், மூன்று வாரம் ஆனது. பெக்டரி வேலை வந்தால் நம் சாமான் மூலைக்குப் போய்விடும். அப்புறம் இது சாதாரண இரும்பு. எங்கள் பக்கத்து மழைக்கும் பனிமூட்டத்துக்கும் இரண்டே நாளில் செம்மண் நிறம் ஏறியது. தையல் மெஷின் எண்ணெய் தடவி வைக்கிறேன், மாட்டும் முன் நன்றாகத் துடைத்துவிடுகிறேன், எண்ணெய் பட்ட மரத்தில் பூச்சு பிடிக்காது. அடுத்த முறை எவர்சில்வரில் கேட்கப்போகிறேன்.

போகிறவர்கள் படம் மட்டும் கொண்டு போகாதீர்கள். கிட்டின் உதிரிகளையும் குழாயையும் கையில் கொடுங்கள், ஒரே பிடியில் கடையச் சொல்லுங்கள், வாங்கும்போது அங்கேயே சுற்றிப் பாருங்கள். போயா (பௌர்ணமி) நாளில் பட்டறை பூட்டியிருக்கும்.