விடோ சிலந்தி: வயிற்றுக் குறியா, முட்டைப் பையா?

தெற்கு கலிபோர்னியாவில் வீட்டைச் சுற்றிக் கண்ணில் படும் விடோ (widow) என்ற விஷச் சிலந்திகள் பெரும்பாலும் இரண்டு வகை. மண்ணின் வாசியான பிளாக் விடோ ஒன்று. 2000க்குப் பிறகு வந்து பரவிய பிரவுன் விடோ மற்றொன்று. முன்னது கடித்தால் தசைப்பிடிப்பு, வயிற்றுவலி என்று பாடாய்ப்படுத்தும். பின்னது கடித்தால் பெரும்பாலும் கடிவாயில் வலியோடு போய்விடும். அதனால்தான் எது எதுவென்று தெரிய வேண்டியிருக்கிறது.

எல்லோரும் சொல்வது வயிற்றின் அடியில் இருக்கும் மணல் கடிகாரக் குறி. பளபள கறுப்பில் சிவப்பு என்றால் பிளாக் விடோ. பழுப்பு உடம்பில் ஆரஞ்சு, கால்களில் பட்டை என்றால் பிரவுன் விடோ. வளர்ந்த பெண் சிலந்திக்கு இது சரி. ஆனால் பிளாக் விடோவின் குஞ்சு கறுப்பாக இருக்காது! பழுப்பு நிறம், வெள்ளைக் கோடுகள், பட்டை போட்ட கால்கள் என்று அச்சு அசல் பிரவுன் விடோ மாதிரியே திரியும். பிரவுன் விடோவிலும் நன்றாகக் கறுத்தவை உண்டு. போதாததற்குப் பகலில் மூலையில் பதுங்கிக்கொள்ளும். வயிற்றைப் பார்க்கக் குச்சி விட்டுக் கிளற வேண்டும்.

நான் நம்புவது முட்டைப் பையை. அது ஓடி ஒளியாது. தோட்டத்து நாற்காலியின் அடியிலோ பூந்தொட்டி விளிம்பிலோ தொங்குவதை டார்ச் அடித்துத் தள்ளி நின்றே பார்க்கலாம். பிரவுன் விடோவின் பை கடம்பம்பூ மாதிரி சுற்றிலும் முள் முள்ளாக நிற்கும். ஒருமுறை பார்த்தால் மறக்காது. பிளாக் விடோவின் பை வழவழப்பாக, வெளிர் நிறத்தில் இருக்கும். விடோ மாதிரியே தோன்றும் வேறொரு சிலந்தி, வீடுகளில் காணும் போலி விடோ. அதன் பையோ தளர்ந்த பஞ்சு. உள்ளே முட்டைகள் தெரியும். போலி விடோவின் வயிற்றில் மணல் கடிகாரமும் கிடையாது.

வலையை வைத்தும் ஊகிக்கலாம். ஒழுங்கில்லாமல், குச்சியால் இழுத்தால் சடசடவென அறுபடும் முரட்டு நூல். ஆனால் அது இரண்டில் எது என்று சொல்லாது.

இதெல்லாம் தெற்கு கலிபோர்னியாவுக்கான கணக்கு. ஆஸ்திரேலியாவின் விடோ சிலந்தியான ரெட்பேக்குக்கு முதுகிலேயே சிவப்புப் பட்டை இருப்பதால் அங்கே குறிதான் ஜெயிக்கும் என்று நினைக்கிறேன். நேரில் பார்த்துச் சொல்லவில்லை.

பையே இல்லாத சிலந்தி என்றால்? முட்டையிடாத இளசாக இருக்கலாம். அதை பிளாக் விடோ என்றே வைத்துக்கொண்டு கையுறை மாட்டுகிறேன்.